செம்மண் சரளைக்கும் கருவமுள்ளுக்கும் எந்த டயர், எந்த ரிம்: மாருதி ஜிம்னி, ஜிப்ஸி, மகிந்திரா தார் வச்சிருக்கவங்களுக்கு

டயர் கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வண்டி மாசத்துல எங்கிட்டெல்லாம் போகுதுன்னு கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இருக்கவங்களுக்கு முக்காவாசி ஓட்டம் தார் ரோட்டுலதான், திருச்சிக்கும் மதுரைக்கும் போக வர. மிச்சம் தோப்புக்குப் போற செம்மண் பாதை, சரளை மேடு, தைலமரக்காட்டு வழி, கண்மாய்க் கரை, எப்பயாவது மணிமுத்தாத்து மணல், அவ்வளவுதான். மலைக்காட்டுச் சேறு, பாறை ஏத்தமெல்லாம் இங்க ரொம்பக் கொறச்சல். அதனால மலைப்பக்கம் சேத்துல வண்டி ஓட்டுறவங்க வீடியோவப் பாத்துட்டு அதே டயர வாங்கிடாதீங்க, நம்ம பக்கம் டயரக் கொல்றது முள்ளும் சரளையும் வெயிலும்தான், அதுக்குத் தக்கன டயர் எடுக்கணும்.

கடைல மூணு வகை காட்டுவாங்க. ஹைவே டெரெய்ன், அதாவது எச்டி, ரோட்டுக்கு. ஆல் டெரெய்ன், ஏடி, ரோட்டுக்கும் காட்டுப் பாதைக்கும். மட் டெரெய்ன், எம்டி, சேத்துக்கு. ஜிம்னி கம்பெனிலருந்து வர்றப்ப பிரிட்ஜ்ஸ்டோன் டூலர் எச்டிதான் போட்டு வருது, ரோட்டுக்கு அருமையான டயர், சத்தமே இருக்காது, மைலேஜும் கெடைக்கும். ஆனா சரளைல தொடர்ந்து ஓட்டுனா பட்டன் (தரைல படுற ரப்பர் கட்டி) ஓரமெல்லாம் பிச்சுப் பிச்சு வந்துரும், பக்கச்சுவரும் ரொம்ப மெல்லிசு. எம்டி பாக்குறதுக்கு மொரட்டுத்தனமா அழகா இருக்கும், இல்லைங்கல. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கிறதால சேத்த தானே ஒதறித் தள்ளிரும், அதுதான் அதோட வேலை. அந்த இடைவெளியாலயே தார் ரோட்டுல ரப்பர் படுற எடம் கம்மி, ஐப்பசி கார்த்திகை மழைல பிரேக் அடிச்சா எச்டி நிக்கிற எடத்துல எம்டி நிக்காது, எம்பதுல போறப்ப காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி ஒரே இரைச்சல், சித்திரை வெயில்ல கொதிக்கிற ரோட்டுல தேயிறதும் வேகம். என்னைக் கேட்டா இந்தப் பக்கத்துக்கு ஏடிதான். அதுலயும் ரொம்ப மொரட்டு ஏடி வேணாம், பட்டன் நெருக்கமா இருந்து பட்டன் மேல சின்னச் சின்னக் கீறல் இருக்கிற மாதிரிப் பாத்து எடுங்க, ஈர ரோட்டுல பிடிக்கிறதே அந்தக் கீறல்தான்.

"கண்மாய்க்குள்ள எறங்கணுமே, ஏடி தாங்குமா"ன்னு கேப்பீங்க. மழை பேஞ்சு ஊறுன கண்மாய்க் களிமண்ணுல ஏடி ரெண்டு சுத்துலயே அப்பிக்கிட்டு பட்டனே இல்லாத மொட்டை டயர் ஆயிரும், உண்மை. ஆனா எம்டி போட்டாலும் ஜிப்ஸி ஜிம்னி மாதிரிச் சின்ன வண்டி அந்தக் களிமண்ணுல அச்சு வரைக்கும் எறங்குறதுக்கு அதிக நேரம் ஆகாது, அப்பறம் டிராக்டர்தான் வரணும். போதாக்குறைக்கு கரையும் மடை வாய்க்காலும் ஒடையும், அது ஊரு பூராவுக்கும் நட்டம். மழை நேரத்துல கண்மாய் உள்வாய்க்குள்ள வண்டிய எறக்காதீங்க, அதுக்குன்னு ஒரு டயர் வாங்க வேண்டியதும் இல்ல.

இப்ப முள்ளு. சீமைக்கருவேலம் இல்லாத கண்மாயும் தரிசும் நம்ம பக்கம் எங்க இருக்கு? நடுப்பட்டன்ல முள்ளு ஏறுனா கவலைப்பட வேணாம், டியூப்லெஸ்ல காத்து மெதுவாத்தான் எறங்கும். பாத்த ஒடனே பிடுங்காதீங்க, பிடுங்குனா காத்து வேகமாப் போயிரும், பஞ்சர் கிட்டு கைல இருந்தாப் பிடுங்கி அடைங்க, இல்லாட்டி அப்படியே மெதுவா பஞ்சர் கடை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிரலாம். கருவமுள்ளுல ஒரு கெட்ட குணம், வெளிய இருக்கிற பாகம் ஒடிஞ்சு விழுந்துரும், நுனி மட்டும் ரப்பருக்குள்ள இருந்துக்கிட்டு ஓட ஓட உள்ள ஏறும், நாலு நாள் கழிச்சுக் காத்து கொறையும், பாத்தா வெளிய ஒண்ணும் தெரியாது. சோப்புத் தண்ணியப் பட்டன் பூராவும் ஊத்திப் பாருங்க, குமிழி வர்ற எடத்துல சாமணத்த விட்டு நுனிய எடுத்துட்டு அடைக்கச் சொல்லுங்க. நுனிய எடுக்காம மேலாக்க அடைச்சா திரும்பவும் அதே கதைதான்.

முள்ளையாவது சமாளிச்சிரலாம், அதவிட மோசம் கட்டை. கரிமூட்டம் போடுறதுக்குக் கருவையை வெட்டிட்டுப் போயிருப்பாங்க, அருவாள்ல சாய்வா வெட்டுறதால ஒவ்வொரு தூரும் ஈட்டி மாதிரி கூரா நிக்கும், ஒரு மழை பேஞ்சா புல்லு மூடிரும். அந்தப் பக்கம் ஒதுங்கித் திரும்புனீங்கன்னா நேரா பக்கச்சுவர்லதான் ஏறும். பக்கச்சுவர் கிழிஞ்சா பஞ்சர் ஒட்டுறதுக்கு வழியே கெடையாது, டயரே போச்சு. பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி விரியிற எடம், அங்க அடைச்சாலும் நிக்காது, ஒட்டித் தர்றேன்னு யாராச்சும் சொன்னாலும் அந்த டயர்ல நாலு வழிச்சாலைல ஓடாதீங்க. டயர் வாங்குறப்ப எல்லாரும் பட்டனத்தான் தடவிப் பாக்குறாங்க, நீங்க பக்கச்சுவரப் பாருங்க. அதுல எத்தனை அடுக்குன்னு எழுதியிருக்கும், ரெண்டு அடுக்குக்கு மூணு அடுக்கு நல்லது, தோள்பட்டைப் பட்டன் பக்கச்சுவர் மேல கொஞ்சம் எறங்கி வந்திருந்தா இன்னும் நல்லது. எல்டின்னு சைஸுக்கு முன்னாடி போட்டிருக்கிறது லாரி வகை டயர், கெட்டியா இருக்கும், ஆனா கனமும் கூட, அதே பாரத்துக்குக் காத்தும் கூட வேணும், ஆள் ஏறாத ஜிம்னில தூக்கிப் போடும். தெனம் காட்டுக்குள்ளயே கெடக்குற வண்டின்னா எல்டி எடுங்க, மத்தவங்களுக்கு வேணாம்.

சைஸ். ஜிம்னில 195/80 ஆர்15. 195 அகலம் மில்லிமீட்டர்ல, 80ங்கிறது அகலத்துல எம்பது சதவீதம் பக்கச்சுவர் ஒசரம், அதாவது 156 மில்லிமீட்டர், 15 ரிம்மு இஞ்சுல. மொத்த ஒசரம் 693 மில்லிமீட்டர் வரும். 215/75 ஆர்15 போட்டா 703 சொச்சம், ஒண்ணரை சதவீதந்தான் பெருசு, ஸ்பீடோமீட்டர் பெருசா மாறாது, பழைய ரிம்லயே ஒக்காரும். எனக்குத் தெரிஞ்சு ஜிம்னிக்கு இதுதான் எல்லை. 235/75 ஆர்15 போட்டு ஆள் ஒசரத்துக்கு நிக்க வைக்கிறவங்க இருக்காங்க, அது 733 வரும், கிட்டத்தட்ட ஆறு சதவீதம் பெருசு, மீட்டர்ல 100 காட்டுறப்ப வண்டி முன்ன போனதவிட ஆறு கிலோமீட்டர் கூட ஓடும், கம்பெனி ரிம் 5.5 இஞ்சு அகலம், இந்த டயருக்குக் கொறஞ்சது 6 வேணும். இதுல பூமிக்கும் வண்டிக்கும் இடைல கூடுறது ரெண்டே சென்டிமீட்டர். ஒண்ணரை லிட்டர் இஞ்சின் கனமான டயரச் சுத்தணும், இழுவையும் போகும், பெட்ரோலும் குடிக்கும், பின்கதவுல தொங்குற ஸ்டெப்னி கனத்துக்குக் கீலும் தளரும்.

ஜிப்ஸி வச்சிருக்கவங்களுக்கு 205/70 ஆர்15 இருக்கும், எஃப்78-15ங்கிற பழைய நைலான் டயர் போட்ட வண்டியும் இன்னும் சில வீட்டுல நிக்கிது. ஜிப்ஸிக்கு 215/75 ஆர்15 போட்டா அஞ்சு சதவீதம் பெருசாகும், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு எங்கயும் ஒரசுதான்னு பாத்துக்கங்க. பழைய நைலானும் இப்ப வர்ற ரேடியலும் கலந்து மட்டும் போடாதீங்க, திருப்பத்துல ரெண்டும் ரெண்டு விதமா நடந்துக்கும். மகிந்திரா தார் 2020ல வந்த மாடல்ல 16 இஞ்சு, 18 இஞ்சு ரெண்டும் உண்டு. 245/75 ஆர்16ல பக்கச்சுவர் 184 மில்லிமீட்டர், 255/65 ஆர்18ல 166. சரளைல ஓட்டுறவங்களுக்கு 16தான் நல்லது, ரப்பர் கூட இருக்கிறதால கல்லு அடிச்சா ரிம்முக்குப் போறதுக்கு முன்னாடி டயர் வாங்கிக்கும்.

சைஸுக்குப் பக்கத்துல 96எஸ்னு ஒண்ணு இருக்கும். 96ங்கிறது ஒரு டயர் தாங்குற பாரம், 710 கிலோ. எஸ்ங்கிறது வேகம், 180 வரைக்கும். கம்பெனி டயர்ல இருக்கிறதவிடப் பாரம் கொறஞ்ச நம்பர எடுக்கவே கூடாது. மலையும் பனிப்பூவும் போட்ட ஒரு முத்திரைக்காகக் கூடக் காசு கேட்டா குடுக்காதீங்க, அது பனில ஓட்டுறதுக்குச் சோதனை பண்ணுன முத்திரை.

ரிம் விஷயத்துல ஆசைதான் ஆளக் கெடுக்குது. இரும்பு ரிம், டிஸ்க்னு சொல்றது, கல்லுல அடிச்சா வளையும், கோட்டம் எடுத்து ஓட்டிரலாம், அதுக்குப் பட்டறை நம்ம ஊருலயே இருக்கு. அலாய் பலமா அடி வாங்குனா கீறல் விடும், வெல்டிங் வச்ச அலாய நம்பி வேகம் போக முடியாது. ரோட்டு ஓட்டம் அதிகம்னா கம்பெனி அலாயே போதும், தோப்பு ஓட்டம் அதிகம்னா இரும்பு. வேற ரிம் வாங்குறதா இருந்தா நட்டு ஓட்டை எண்ணிக்கையும் அந்த ஓட்டைங்க சுத்தி இருக்கிற வட்டத்தோட குறுக்களவும் பாருங்க, ஜிம்னி, ஜிப்ஸிக்கு அஞ்சு ஓட்டை, 139.7 மில்லிமீட்டர், பழைய ஜீப்புக்கும் அதேதான். ஆனா ஓட்டை சேந்துட்டா எல்லாம் சேந்துருச்சுன்னு அர்த்தமில்ல. நடு ஓட்டை ஹப்புல (ரிம்ம மாட்டுற நடுப்பாகம்) சரியா ஒக்காரணும், இல்லைன்னா எத்தனை தடவை பேலன்சிங் பண்ணுனாலும் ஆட்டம் நிக்காது. நட்டோட வாய்ச் சாய்வு ரிம் குழிக்குப் பொருந்தணும், அலாய்க்கு வேற நட்டு, டிஸ்குக்கு வேற நட்டா இருக்கலாம், கேட்டு வாங்குங்க. ஆஃப்செட், அதாவது ரிம் ஹப்புல ஒக்கார்ற எடத்தோட தள்ளல், டயர ரொம்ப வெளிய தள்ளுற மாதிரி இருக்கிற ரிம் போட்டா வண்டி அகலமா கம்பீரமா தெரியும், அதுக்கு வெல ஹப் பேரிங்கும் ஸ்டியரிங்கும் குடுக்கும், சரளை எல்லாம் கதவு மேல தெறிச்சு பெயின்ட் போகும். ஃபெண்டருக்கு (சக்கரத்துக்கு மேல மூடியிருக்கிற தகடு) வெளிய டயர் நீட்டுனா சட்டப்படியும் தப்பு, கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு 2019லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க மொதல்ல இதத்தான் பாப்பாங்க.

பெரிய வீட்டுக் கொட்டகைல வருசக் கணக்கா நிக்கிற வண்டிய எடுக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வீட்டுக்காரங்க சென்னைலயோ சிங்கப்பூர்லயோ இருப்பாங்க, திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வந்து எடுப்பாங்க, "பட்டன் புதுசா இருக்குப்பா, ஓடவே இல்லையே"ம்பாங்க. பட்டன நம்பாதீங்க. பக்கச்சுவர்ல டாட் (DOT)னு ஆரம்பிக்கிற வரிசையோட கடைசி நாலு நம்பரப் பாருங்க, 2314ன்னு இருந்தா 2014ஆம் வருசம் 23ஆவது வாரத்துல செஞ்சது. ஓடாம ஒரே எடத்துல நின்ன டயர் ரப்பர் காஞ்சு, பட்டன் இடுக்குல மயிரிழை மாதிரி வெடிப்பு விட்டிருக்கும், நெகத்த வச்சு அமுக்குனா தெரியும். அத வச்சுக்கிட்டு மே மாச வெயில்ல மதுரை ரோட்டுல நூறுல போனா வெடிக்கும், ஸ்டெப்னியும் அதே வயசுதான்னு மறந்துராதீங்க. புதுசு வாங்குறப்பவும் அந்த நம்பரப் பாத்து ஆறு மாசத்துக்கு உள்பட்டதாக் கேளுங்க.

எந்த டயர் போட்டாலும் காத்து சரியில்லைன்னா எல்லாம் வீண். ரோட்டுக்கு டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இருக்கிற அளவு, காலைல டயர் சூடாகுறதுக்கு முன்னாடி பாக்கணும், ஓட்டிட்டு வந்து சூட்டுல கூடக் காட்டுதேன்னு எறக்கிராதீங்க. சரளைப் பாதைல ஒரு நாலஞ்சு பிஎஸ்ஐ எறக்கிப் பாருங்க, அதே வண்டியா இதுன்னு இருக்கும், உருளுற கல்லு மேல வழுக்குறது கொறையும், கல்லு குத்துறதும் கொறையும். ஆத்து மணல்ல 16, 18 வரைக்கும் எறக்கலாம், டயர் நீளவாக்குல படிஞ்சு மணலுக்கு மேலயே மெதந்து போகும். பதினஞ்சுக்குக் கீழ போனா ஸ்டியரிங்க வெடுக்குன்னு ஒடிக்கிறப்ப டயர் ரிம்ம விட்டுக் கழண்டுரும். ஒரே ஒரு எடத்துல மட்டும் காத்த எறக்காதீங்க, அது கருவமுள்ளுக் காடு. காத்து எறங்குனா பக்கச்சுவர் வெளிய பிதுங்கும், கட்டைக்கு நாமளே காட்டுன மாதிரி ஆயிரும். தார் ரோடு ஏறுறதுக்கு முன்னாடி திரும்ப அடிச்சிருங்க, பேட்டரில கிளிப் மாட்டுற சின்ன கம்ப்ரசர் ஒண்ணு வண்டிலயே கெடக்கட்டும்.

வாங்குறப்ப நாலு வாங்காம அஞ்சா வாங்குங்க, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஸ்டெப்னியையும் சேத்துச் சுத்தி மாத்துனா அஞ்சும் ஒண்ணாத் தேயும். வால்வு ரப்பரா இருந்தா அதையும் இரும்பு வால்வா, கட்டையானதா மாத்திக்கங்க, கருவக் குச்சி வால்வ அறுத்துட்டுப் போறது உண்டு. மாட்டுறப்ப கடைல ஏர் கன்ன வச்சு நட்ட முறுக்கித் தள்ளுவாங்க, கைல டார்க் ரெஞ்ச் (முறுக்குற அளவு காட்டுற ஸ்பேனர்) வச்சு வண்டி மேனுவல்ல இருக்கிற அளவுக்கு முறுக்கச் சொல்லுங்க, இல்லைன்னா காட்டுக்குள்ள டயர் மாத்துறப்ப ஒரு நட்டும் கழலாது. புது ரிம்னா அம்பது நூறு கிலோமீட்டர் ஓடுனதும் அஞ்சு நட்டையும் திரும்ப ஒரு தடவை முறுக்கிப் பாருங்க.