லாபக் கணக்கை நம்பலாமா? ஆண்டறிக்கையில் நிர்வாகத்தைப் படிக்கும் முறை

2008 செப்டம்பர் காலாண்டில் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸ் காட்டிய விற்பனை 2,700 கோடி ரூபாய், செயல்பாட்டு லாபம் 649 கோடி. உண்மையில் விற்பனை 2,112 கோடி, லாபம் வெறும் 61 கோடி. 2009 ஜனவரி 7 அன்று நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்ட பிறகுதான் இது வெளியே வந்தது. அதே 2008-இல்தான் சிறந்த கார்ப்பரேட் நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரும் இருந்தார். விதிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிக் அடித்திருந்தால் சத்யம் நல்ல மதிப்பெண்ணில் தேறியிருக்கும்.

நல்ல நிர்வாகம், அதாவது பங்குதாரர் நலனைக் காக்கும் மேற்பார்வையும் வெளிப்படைத்தன்மையும், இருந்தால் லாபம் கூடுமா? ஆய்வுகள் தரும் பதில் கலவையானது. பங்குதாரர் உரிமை வலுவாக இருந்த அமெரிக்க நிறுவனங்களை வாங்கி, பலவீனமாக இருந்தவற்றை விற்றிருந்தால் 1990-களில் ஆண்டுக்குச் சுமார் 8.5% கூடுதல் வருமானம் வந்திருக்கும் என்றது 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. பத்தாண்டு கழித்து வந்த இன்னொன்று, 2000-களில் அந்தக் கூடுதல் வருமானம் மறைந்துவிட்டது என்று காட்டியது. நல்ல நிர்வாகத்துக்கான விலையைச் சந்தை முன்கூட்டியே கொடுக்கக் கற்றுக்கொண்டதுதான் காரணம். ஆனால் நிர்வாகத் தரத்துக்கும் நிறுவனத்தின் செயல்பாட்டு லாபத்துக்கும் உள்ள தொடர்பு அப்போதும் நீடித்தது.

எனவே 'இந்த நிறுவனத்தின் நிர்வாகத்துக்கு எத்தனை மார்க்' என்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. காட்டப்பட்ட லாபத்தில் எவ்வளவு நிஜம், அதில் சிறு பங்குதாரருக்கு எவ்வளவு வந்து சேரும் என்று கேளுங்கள். நிறுவனம் விதிப்படி வெளியிடும் தகவல்கள், அதாவது வெளிப்படுத்தல்கள், இந்த இரண்டுக்கும்தான் பதில் சொல்கின்றன. கீழே உள்ள முறை இந்தியப் பங்குச்சந்தையில் பட்டியலான, வங்கி மற்றும் நிதித் துறை அல்லாத நிறுவனங்களுக்கானது.

எடுத்து வைக்க வேண்டியவை

கடைசி ஐந்து ஆண்டறிக்கைகள், கடைசி எட்டு காலாண்டுகளின் பங்கு உரிமை விவரம், அரையாண்டுக்கு ஒருமுறை வரும் தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனைப் பட்டியல் (நிறுவனம் தன்னைக் கட்டுப்படுத்தும் ப்ரமோட்டர்கள், இயக்குநர்கள், அவர்களைச் சார்ந்த நிறுவனங்கள், துணை நிறுவனங்கள் ஆகியோரோடு செய்த கொடுக்கல் வாங்கல்). எல்லாமே என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். அங்கேயே கடந்த இரண்டு ஆண்டு அறிவிப்புகளில் 'ராஜினாமா' சார்ந்தவற்றைத் தனியாக வடிகட்டி வையுங்கள்.

ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படியுங்கள். தலைவர் உரையும் வண்ணப் படங்களும் கடைசியில்தான், அதுவும் நேரம் இருந்தால். தணிக்கையாளர் அறிக்கையில் தொடங்கி, அதன் இணைப்பு, பணப்புழக்க அறிக்கை, கணக்குக் குறிப்புகள், பிறகு நிர்வாக அறிக்கை என்று போகலாம்.

ஒரு எச்சரிக்கை. தனிக் கணக்கு (அந்த நிறுவனத்துடையது மட்டும்), ஒருங்கிணைந்த கணக்கு (துணை நிறுவனங்களையும் சேர்த்தது) இரண்டையும் பார்க்க வேண்டும். 'காரோ 2020' எனப்படும் தணிக்கை இணைப்பின் முழு விவரமும் தனிக் கணக்கில்தான் இருக்கும். ஒருங்கிணைந்த கணக்கில் குழும நிறுவனங்களின் அறிக்கைகளில் வந்த பாதகமான குறிப்புகள் எவை என்ற பட்டியல் மட்டுமே வரும். தொடர்புடைய தரப்பு விஷயத்தில் தலைகீழ். துணை நிறுவனங்களோடு நடந்தவை ஒருங்கிணைப்பில் கழிந்துவிடுவதால், ப்ரமோட்டரின் சொந்த நிறுவனங்களுக்குப் போன பணம் ஒருங்கிணைந்த கணக்கில்தான் பளிச்சென்று தெரியும்.

தணிக்கையாளர் சொல்வதும் சொல்லாமல் போவதும்

தணிக்கையாளரின் கருத்து திருத்தமில்லாததா (கணக்கு சரி என்று முழுமையாகச் சொல்வது), நிபந்தனையோடு கூடியதா (சில விஷயங்களில் ஆட்சேபம் சொல்வது) என்பதை முதல் பத்தியிலேயே பாருங்கள். அடுத்து 'முக்கியத் தணிக்கை விஷயங்கள்', அதாவது அதிகக் கவனம் தேவைப்பட்டதாகத் தணிக்கையாளர் தனியாகக் குறிப்பிடுபவை. 2018-19 கணக்குகளிலிருந்து பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு இது கட்டாயம். ஐந்து ஆண்டும் ஒரே இரண்டு பத்தி வார்த்தை மாறாமல் வந்தால் அதில் தகவல் இல்லை. திடீரென்று புதிதாக ஒன்று முளைத்தால் அந்த ஆண்டு அங்கே ஏதோ இழுபறி நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

காரோ இணைப்பில் நான்கு இடங்கள் போதும். 5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு (அன்றாடத் தொழில் செலவுக்கானது) அனுமதிக்கப்பட்டிருந்தால், வங்கிக்குக் கொடுத்த காலாண்டு அறிக்கையும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா என்பது முதலாவது. பிஎஃப், ஜிஎஸ்டி போன்ற சட்டப்படியான பாக்கி ஆறு மாதத்துக்கு மேல் நிற்கிறதா என்பது இரண்டாவது. கையில் பணம் இல்லாத நிறுவனம் பெரும்பாலும் முதலில் தள்ளிப்போடுவது இதைத்தான். லாபக் கணக்கில் அந்த நெருக்கடி தெரிய இன்னும் பல மாதங்கள் ஆகலாம். குறுகிய காலக் கடனை நீண்ட காலச் செலவுக்குத் திருப்பியிருக்கிறார்களா என்பது மூன்றாவது, தணிக்கையாளர் ராஜினாமா நான்காவது.

ஒரு தணிக்கை நிறுவனம் ஐந்தாண்டு வீதம் இரண்டு தவணை இருக்கலாம். தவணை முடிந்து மாறுவது இயல்பு. நடுவில் விலகினால் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். முதல் மூன்று காலாண்டுகளுக்குக் கையெழுத்திட்டவர் அந்த ஆண்டுத் தணிக்கையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2019 அக்டோபரில் சொல்லிவிட்டது. 'கேட்ட தகவல் கிடைக்கவில்லை' என்ற வரி கடிதத்தில் இருந்தால் மேற்கொண்டு ஆராய ஒன்றும் இல்லை. அந்தப் பங்கை விட்டுவிடலாம்.

லாபம் பணமாக வந்ததா

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. ஐந்தாண்டு எபிட்டாவை, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை, கூட்டுங்கள். அதே ஐந்தாண்டுக்குச் செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டி, முந்தையதால் வகுங்கள். ஒரே ஆண்டை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள்: மார்ச் கடைசி வாரத்தில் பாக்கியை வசூலித்து, சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியதை ஏப்ரலுக்குத் தள்ளினால் அந்த ஆண்டு ரொக்கம் அழகாகத் தெரியும். ஐந்தாண்டுக் கூட்டுத்தொகையில் இந்த வித்தை எடுபடாது. விகிதம் 70%-க்குக் கீழே இருந்தால் காரணம் தேடுங்கள். இது சட்டமல்ல, அனுபவக் கணக்கு. வேகமாக வளரும் நிறுவனத்துக்குக் கொஞ்சம் இறங்கலாம்.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்தாண்டு எபிட்டா 500 கோடி, செயல்பாட்டு ரொக்கம் 210 கோடி. விகிதம் 42%. குறையும் 290 கோடியில் வரி 90 கோடி. மீதி 200 கோடி எங்கே? விற்பனை 700 கோடியிலிருந்து 850 கோடி ஆகியிருக்கிறது. வாடிக்கையாளர் பாக்கியோ 70 நாள் விற்பனையிலிருந்து 145 நாளுக்கு ஏறியிருக்கிறது. அதாவது 134 கோடியாக இருந்த பாக்கி 338 கோடி. பணம் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இனி பாக்கியின் வயதுப் பட்டியலைத் திறக்க வேண்டும். 2021-22-இலிருந்து ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஓராண்டு, ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று பிரித்துக் காட்டியே தீர வேண்டும். நம் நிறுவனத்தில் ஓராண்டைத் தாண்டியது 60 கோடி, அதில் வராமல் போகக்கூடியது என்று லாபத்திலிருந்து ஒதுக்கியது 4 கோடி. பாதி வராது என்று வைத்தால் 30 கோடி ஒதுக்கியிருக்க வேண்டும். குறைவு 26 கோடி. வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபம் 80 கோடி, போட்ட மூலதனம் 400 கோடி என்றால் ஆர்ஓசிஇ (முன்னதைப் பின்னதால் வகுத்த விகிதம்) 20%. திருத்தினால் லாபம் 54 கோடி, மூலதனம் 374 கோடி, விகிதம் 14.4% ஆகிவிடும். வெளிப்படுத்தல் நிதிச் செயல்பாட்டைத் தொடும் இடம் இதுதான். அதே தொழிலில் 16% காட்டி, பாக்கிக்கு ஒழுங்காக ஒதுக்கும் போட்டி நிறுவனம் உண்மையில் மேலானது.

கையிருப்பு ரொக்கத்தையும் சோதியுங்கள். வட்டி வருமானத்தைச் சராசரி ரொக்கத்தால் வகுத்தால் அந்த ஆண்டின் வைப்பு வட்டிக்கு அருகில் வர வேண்டும். 2% வந்தால், ஆண்டு முழுக்க அந்தப் பணம் அங்கே இல்லை என்று சந்தேகிக்கலாம். ஆனால் இது மட்டும் போதாது. சத்யம் இல்லாத 5,040 கோடி ரொக்கத்தோடு, வராத வட்டி 376 கோடியையும் சேர்த்தே எழுதியிருந்தது. எனவே லாபநட்டக் கணக்கில் உள்ள வட்டி வருமானத்தோடு, பணப்புழக்க அறிக்கையில் 'பெற்ற வட்டி' என்ற வரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஆண்டுதோறும் விலகிக்கொண்டே போனால் மணி அடிக்க வேண்டும்.

பணம் யார் வீட்டுக்குப் போகிறது

சத்யம் விஷயத்தில் ராஜு கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. 2008 டிசம்பர் 16 அன்று ராஜு குடும்பத்தின் இரண்டு மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்தில் கைவிட்டார்கள். மென்பொருள் நிறுவனம் ரியல் எஸ்டேட்டையும் கட்டுமானத்தையும் ப்ரமோட்டரிடமிருந்து ஏன் வாங்க வேண்டும் என்று ப்ரமோட்டரைச் சாராதவர்களாக இருக்க வேண்டிய சுயேச்சை இயக்குநர்களில் ஒருவரும் தடுத்து நிறுத்தவில்லை.

தொடர்புடைய தரப்புக் குறிப்பில் விற்பனை, கொள்முதல் தொகைகளை விட ஆண்டு முடிவு நிலுவைகளே முக்கியம்: கொடுத்த கடன், முன்பணம், உத்தரவாதம். இவற்றின் கூட்டுத்தொகை நிறுவனத்தின் நிகர மதிப்பில் (சொத்தில் கடன் போக மீதி) எத்தனை சதவீதம் என்று ஐந்தாண்டுக்கும் எழுதுங்கள். மார்ச் 31 அன்று திரும்பி, ஏப்ரல் முதல் வாரம் மறுபடி போகும் கடன் இதில் தெரியாது. அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. துணை நிறுவனங்களுக்கும் இயக்குநர் தொடர்புள்ள நிறுவனங்களுக்கும் கொடுத்த கடனில் ஆண்டுக்குள் இருந்த அதிகபட்ச நிலுவையையும் ஆண்டறிக்கையில் சொல்ல வேண்டும். முடிவு நிலுவை 3 கோடி, அதிகபட்சம் 90 கோடி என்றால் விஷயம் புரிந்துவிடும்.

ராயல்டி, வாடகை, ப்ரமோட்டர் சம்பளம் ஆகியவற்றை லாபத்தோடு ஒப்பிடுங்கள். ப்ரமோட்டர் குடும்ப நிர்வாக இயக்குநர் ஒருவரின் சம்பளம் 5 கோடி, நிகர லாபத்தில் 2.5% ஆகிய இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். லாபம் இறங்கிய ஆண்டில் சம்பளம் ஏறியிருந்தால், தொகை சிறிதானாலும் குறித்து வையுங்கள்.

இயக்குநர் குழு, அடமானம், தேதிகள்

சுயேச்சை இயக்குநர் எண்ணிக்கை, பெண் இயக்குநர், ஆண்டுக்கு நான்கு கூட்டம் ஆகியவை பெரும்பாலும் எல்லோரும் நிரப்பிவிடும் கட்டங்கள். வேகமாகக் கடந்துவிடலாம். நின்று பார்க்க வேண்டியது சுயேச்சை இயக்குநரின் ராஜினாமா. தவணை முடியும் முன் 'சொந்தக் காரணம்' என்று விலகியவர் மற்ற நிறுவனக் குழுக்களில் மட்டும் தொடர்கிறாரா என்று பாருங்கள். கடிதத்தோடு அந்தப் பட்டியலும் வெளியாகும். தணிக்கைக் குழுத் தலைவராக இருந்தவர் என்றால் கனம் இரட்டிப்பு.

காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் வரும் பங்கு உரிமை விவரத்தில் ப்ரமோட்டர் அடமானத்தைப் பாருங்கள், அதாவது தன் பங்குகளில் எவ்வளவை அடகு வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார் என்று. விலை இறங்கினால் கடன் கொடுத்தவர் பங்கை விற்பார், விலை இன்னும் இறங்கும். அந்தப் பயத்தில் இருக்கும் ப்ரமோட்டருக்கு இந்தக் காலாண்டு லாபத்தை எப்படியாவது தூக்கிக் காட்டும் ஆசை வரும். ப்ரமோட்டர் பங்கில் 50% அல்லது நிறுவனத்தின் மொத்தப் பங்கில் 20% அடமானம் ஆனால் காரணத்தை வெளியிட வேண்டும்.

காலாண்டு முடிவுகளுக்கு 45 நாள், ஆண்டு முடிவுக்கு 60 நாள் கெடு. வழக்கமாக 30-ஆம் நாள் வெளியிடும் நிறுவனம் ஓராண்டு 59-ஆம் நாள் வரை இழுத்தால் கணக்கில் ஏதோ சிக்கல் இருக்கலாம்.

மறைக்காமல் சொன்னதையும் படிக்காமல் விடுகிறோம் என்பதற்கு கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி சாட்சி. வங்கி என்பதால் மேலே சொன்ன ரொக்கச் சோதனை அதற்குப் பொருந்தாது, ஆனால் எல்லாமே வெளியில் இருந்தது. தொடர் நஷ்டம், 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கை (பலவீனமான வங்கி மீது விதிக்கும் கட்டுப்பாடுகள்), 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் தலைமைச் செயல் அதிகாரி உட்பட ஏழு இயக்குநர்களையும் தணிக்கையாளரையும் பங்குதாரர்களே வாக்களித்து நிராகரித்தது. நவம்பர் 17 அன்று டெபாசிட் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது, 27 அன்று டிபிஎஸ் வங்கியுடன் இணைந்தது. டெபாசிட் தப்பியது, பங்கின் மதிப்பு பூஜ்யம் ஆனது.

நிறுவனங்களை ஒப்பிடும்போது தவறும் இடங்கள்

ஒரே தொழிலில் எட்டு, பத்து நிறுவனங்களை வரிசைப்படுத்துங்கள். சிமென்ட்டையும் மென்பொருளையும் ஒரே பட்டியலில் போட்டால் வருவது நிர்வாக வித்தியாசம் அல்ல, தொழில் வித்தியாசம். நிர்வாகக் குறிப்பை ஓர் ஆண்டிலும் ஆர்ஓசிஇயை அதற்கு அடுத்த மூன்றாண்டுகளிலும் எடுங்கள். ஒரே ஆண்டில் இரண்டையும் எடுத்தால், நன்றாகச் சம்பாதிக்கும் நிறுவனம் நல்ல தணிக்கையாளரை அமர்த்தி அழகாக அறிக்கை போடுகிறது என்பதையே தலைகீழாகப் படித்துவிடுவீர்கள். பட்டியலிலிருந்து நீங்கிய, திவாலான நிறுவனங்களையும் சேருங்கள். இல்லாவிட்டால் மோசமான நிர்வாகத்தின் விலை கணக்கில் வராது.

எல்லாக் குறைக்கும் ஒரே எடை போடாதீர்கள். தணிக்கைக் கருத்தில் திருத்தம், ப்ரமோட்டர் நிறுவனத்துக்கு வளர்ந்துகொண்டே போகும் கடன், ரொக்கத்தில் சந்தேகம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் பங்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சம்பளம் அதிகம், ராயல்டி அதிகம் என்பவை அளந்துவிடக்கூடிய செலவுகள். அவற்றைக் கழித்து விலை போட்டு வாங்கலாம். அறிக்கை தாமதம், சுயேச்சை இயக்குநர் விலகல் போன்றவை தனியாக வந்தால் இரண்டு காலாண்டு காத்திருங்கள், சேர்ந்து வந்தால் காத்திருக்க வேண்டாம்.