டெக்சாஸ் ஏரிக்கரை, ஆற்றங்கரை கேம்பிங்: நான் செய்த தவறுகள், நீங்கள் செய்ய வேண்டாம்

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். டென்ட் போடும் இடங்களை (சைட்) கட்டங்கட்டமாகக் குறித்த கேம்ப்கிரவுண்ட் வரைபடத்தின் ஸ்கிரீன்ஷாட். ஆறு வளையும் இடத்தில் ஒரு கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். "அண்ணா, தண்ணியத் தொட்டுக்கிட்டு இருக்கிற சைட்டே கிடைச்சிருச்சு!" நான்கு குடும்பம், ஆறு குழந்தைகள், மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார இறுதி. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டாலஸுக்கு வந்த புதிதில் நானும் இதே சந்தோஷத்தோடு இதே மாதிரி ஒரு கட்டத்தை வட்டமிட்டவன்தான்.

அப்புறம் டெக்சோமா, ஓக்லஹோமா பக்கம் மரி ஏரி, தெற்கே இங்க்ஸ் ஏரி, குவாடலூப், ஃப்ரியோ ஆறுகள் என்று வருடத்துக்கு நாலைந்து முறை போய் வந்தாயிற்று. புதிதாக வருகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். டார்ச்சை மறந்தோம், தலையணை கொண்டுவரவில்லை, தீப்பெட்டி நனைந்துவிட்டது என்பதையெல்லாம் விட்டுவிடலாம். ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். நான் சொல்ல வருவது திருந்துவதற்கு வாய்ப்பே தராத தவறுகளை.

தண்ணீரை ஒட்டிய இடம்தான் வேண்டும் என்பது

நாங்கள் அன்று போனது குவாடலூப் நதிக்கரையில், கான்யன் அணைக்கு மேலே இருக்கும் ஒரு தனியார் இடத்துக்கு. கூழாங்கல் திட்டு, பச்சைக் கண்ணாடி மாதிரி தண்ணீர், கரையெங்கும் சைப்ரஸ் மரங்கள். காரைத் திட்டு வரைக்கும் ஓட்டிப்போய் நிறுத்தினேன். மரத்தில் இரண்டு ஆள் உயரத்தில் சருகும் குச்சியும் பந்தாகச் சிக்கியிருந்தது. "பாரு, பறவைக் கூடு" என்று மகளுக்குக் காட்டினேன். போட்டோவும் எடுத்தேன். அந்த போட்டோ இன்னும் இருக்கிறது. அது கூடு இல்லை. முந்தைய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று ஆறே எழுதி வைத்துவிட்டுப் போன கணக்கு.

பக்கத்து சைட்டில் உள்ளூர்க்காரர் ஒருவர். சாயங்காலம் ஐந்து மணிக்கே டிரெய்லரை வண்டியில் மாட்டி மேட்டுக்கு நகர்த்திவிட்டார். போகும்முன் தண்ணீர் விளிம்பில் ஒரு டென்ட் ஆணியைக் குத்தினார். மறந்து விட்டுவிட்டாரே என்று பிடுங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனேன். "அங்கேயே இருக்கட்டும், தூங்குவதற்கு முன் ஒருமுறை பார்" என்றார். ஒன்பது மணிக்குப் பார்த்தேன். ஆணிக்கு மேல் நாலு விரல்கடை தண்ணீர். தண்ணீரின் நிறமும் டீத்தண்ணி மாதிரி மாறியிருந்தது. தலைக்கு மேல் வானம் நிறைய நட்சத்திரம். "சும்மா அலை அடிக்குது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்து படுத்தேன்.

இரண்டரை மணி இருக்கும். நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாகப் போகிற மாதிரி ஒரு சத்தம். அது கல் உருளும் சத்தம் என்று பிறகுதான் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தால் டென்டின் தரை மெத்தை மாதிரி அசைகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மேட்டுக்கு ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது காரின் ஹெட்லைட் வரை தண்ணீர். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு நின்றுவிட்டது.

நாலாயிரத்துச் சொச்சம் டாலருக்கு வாங்கிய பழைய கேம்ரி. பழைய காருக்கு எதற்கு என்று, அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்குப் பணம் தரும் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டிருந்தேன். வெள்ளச் சேதத்துக்குப் பணம் வர வேண்டுமானால் காம்ப்ரிஹென்சிவ் இருந்திருக்க வேண்டும். ஒரு பைசா வரவில்லை. இழுத்துக்கொண்டு போக டோ வண்டிக்குத் தனியாகப் பணம் கட்டினேன். மாமியார் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த இரும்புத் தோசைக்கல்லும் ஆற்றோடு போயிற்று. காரைக்கூட மன்னித்துவிட்டார்கள். தோசைக்கல் பேச்சு ஒவ்வொரு தீபாவளிக்கும் வரும்.

எனக்கு இன்றும் ஆத்திரம் ஆற்றின் மேல் இல்லை. மரத்தில் சருகு, விளிம்பில் ஆணி, தண்ணீரின் நிறம், நகர்ந்துபோன டிரெய்லர் என்று நாலு பேர் நாலு பக்கம் நின்று சொன்ன மாதிரி சொல்லியும், வானத்தை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தேனே, அதுதான். இப்போது அதே வாதத்தை என்னிடமே எல்லோரும் வைக்கிறார்கள்: "மழையே இல்லையே அண்ணா!"

மழை இங்கே பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. நம் மனதில் ஆறு என்றால் காவிரி. மேட்டூரில் திறந்துவிட்டால் அறிவிப்பு வரும், தண்ணீர் மணலில் ஊறி மெதுவாக ஏறும். ஹில் கன்ட்ரி என்கிற மத்திய டெக்சாஸ் மலைப்பகுதியின் ஆறுகள் அப்படி இல்லை. குற்றாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே வெயில் அடிக்கும், மலையில் பெய்யும், அருவி திடீரென்று புரண்டு வரும். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பால்கோனஸ் சரிவில் மோதி மேலே ஏறும்போது கொட்டித் தீர்க்கிறது. கீழே சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் சாண் அளவு மண். ஊறுவதற்கு இடமே கிடையாது. பெய்வதெல்லாம் நேராக ஆற்றுக்கு வரும். 'ஃபிளாஷ் ஃபிளட் ஆலி', அதாவது திடீர் வெள்ளச் சந்து என்று இந்தப் பகுதிக்குப் பெயரே உண்டு. 2015 மே மாத நீண்ட வார இறுதியில் விம்பர்லியில் பிளாங்கோ ஆறு 40 அடியை எட்டி வீடுகளை அடித்துக்கொண்டு போனது. 2025 ஜூலை 4 அன்று விடிவதற்கு முன், ஹன்ட் என்ற ஊரில் இதே குவாடலூப் சுமார் 45 நிமிடத்தில் 26 அடி ஏறியது. அந்த வாரத்து வெள்ளத்தில் டெக்சாஸில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடைக்கால முகாமுக்கு வந்த சிறுமிகளும் அதில் உண்டு. இதையெல்லாம் கேட்ட பிறகும் 'தண்ணீரை ஒட்டி' என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அதனால் என் வழக்கம் இது. வரைபடத்தில் ஆற்றிலிருந்து தள்ளி, உயரத்தில் இருக்கும் வரிசையைத்தான் எடுப்பேன். தண்ணீருக்கு மூன்று நிமிடம் நடக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. போகும் வழியில் ஆற்றைத் தரைமட்டத்தில் கடக்கும் சாலை மட்டும்தான் உண்டு என்றால் அந்த இடமே வேண்டாம். ஓர் அடி ஓட்டத் தண்ணீர் சின்னக் காரைத் தூக்கிவிடும், இரண்டு அடி எஸ்யூவியையும் தூக்கும். காரை வெளியேறும் பக்கம் பார்த்து நிறுத்துவேன். இருட்டுவதற்கு முன் எல்லோரையும் மேட்டுக்கு ஒருமுறை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுவேன். குழந்தைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கிளம்புவதற்கு முன் நாம் இருக்கும் ஊரின் மழையை மட்டும் பார்க்காமல், ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களின் மழையையும் யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வு அமைப்பு) தளத்தில் நீர்மட்டத்தையும் பார்ப்பேன். ஸ்பிரிங் பிராஞ்ச் பக்கம் டென்ட் போட்டால் மேலே கம்ஃபர்ட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் நமக்குச் செய்தி.

போனில் எச்சரிக்கை வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பள்ளத்தாக்கில் சிக்னலே இருக்காது. கையால் சுற்றிச் சார்ஜ் ஏற்றும் என்ஓஏஏ வெதர் ரேடியோ (அரசின் வானிலை எச்சரிக்கைகளைச் சொல்லும் வானொலி) ஒன்று வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். அதில் 'வாட்ச்' என்றால் வெள்ளம் வரக்கூடிய சூழ்நிலை இருக்கிறது என்று பொருள். ஆற்றங்கரையில் இருந்தால் அப்போதே மூட்டை கட்டி மேட்டுக்குப் போய்விடுவேன். 'வார்னிங்' என்றால் வெள்ளம் வந்துவிட்டது, அல்லது வந்துகொண்டிருக்கிறது. தோசைக்கல்லைத் தேடாமல் ஓட வேண்டும்.

விளிம்பில் ஓர் ஆணி, அதை இன்றும் குத்துகிறேன்.

ஏரிதானே என்று இருப்பது

ஏரி ஆறு மாதிரி பாயாது, சரி. ஆனால் இங்கே நாம் போகும் பெரிய ஏரிகள் எல்லாம் அணை கட்டித் தேக்கியவை. டெக்சோமா, சிவப்பாற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த டெனிசன் அணையால் வந்தது. வழக்கமான நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 617 அடியை ஒட்டி இருக்கும். உபரிநீர் வழியும் மட்டம் 640 அடி. இடைப்பட்ட உயரம் வெள்ளத்தைப் பிடித்து வைக்கவே விடப்பட்டது. கரையோர சைட்டுகள் பலவும் அதற்குள்தான் இருக்கின்றன. 1957, 1990, 2007, 2015 என்று நாலு வருடங்களில் அந்த 640 அடியையும் தாண்டி வழிந்தது. அவ்வளவு வேண்டாம், சில அடி கூடினாலே பிக்னிக் மேஜை தண்ணீருக்குள் நிற்கும், வாரக்கணக்கில் வடியாது. கிளம்பும் நாளில் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

காற்றை மறப்பது

சமவெளிக் காற்றுக்குக் குறுக்கே நிற்க ஒன்றும் கிடையாது. வசந்த காலத்தில் நாள் முழுக்கத் தெற்கிலிருந்து அடிக்கும். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில்தான் காட்சி அழகாக இருக்கும், காற்றும் அங்கேதான் அதிகம். டென்டோடு வரும் கம்பி ஆணிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு சாண் நீளத்துக்குக் குறையாத இரும்பு ஆணிகளும் சுத்தியலும் வாங்குங்கள். ஹில் கன்ட்ரி பாறையில் மெல்லிய ஆணி வளைந்துதான் போகும். நிழலுக்குப் போடும் பாப்-அப் பந்தலை இரவில் கட்டாயம் மடக்கி வையுங்கள். இடிமழைக்கு முன்னால் ஒரு குளிர்காற்று வீசும் பாருங்கள், அதில் அது பட்டம் மாதிரி எழும்பி அடுத்தவர் கார் மேல் இறங்கும். நான் அடுத்தவராக இருந்திருக்கிறேன்.

மின்சாரம் இருக்கிறதே என்று சமையலறையையே கொண்டுவருவது

சைட்டில் இருக்கும் சாதாரண பிளக் 20 ஆம்ப், 120 வோல்ட். மொத்தம் 2400 வாட் தாங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு 1800, ரைஸ் குக்கர் 700. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பிரேக்கர் விழும். சாம்பார் பாதி வெந்தபடி, இருட்டில் ஆறு பேர் பிரேக்கரைத் தேடும் காட்சியை நான் மூன்று முறையாவது பார்த்திருக்கிறேன். புரொப்பேன் அடுப்பு ஒன்று எடுத்துப் போங்கள். புளியோதரையை வீட்டிலேயே கிளறிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

புல்லில் ஜமுக்காளம் விரிப்பது

சிகர் என்று ஒரு பூச்சி. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, உயரமான புல்லில் காத்திருக்கும். கடிக்கும்போது தெரியாது. மறுநாள் கணுக்கால், இடுப்பு, பெல்ட் போடும் இடம் என்று அரிப்பு ஆரம்பித்து ஒரு வாரம் தூக்கத்தைக் கெடுக்கும். தோலுக்குள் புகுந்துகொள்ளும், நெயில் பாலிஷ் தடவினால் செத்துவிடும் என்பதெல்லாம் கதை. அது உள்ளே போவதே இல்லை. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்தைத் துணியில் மட்டும் அடித்துக் காயவிடுங்கள், உடம்பில் தடவ வேண்டாம். காலுறைக்குள் பேண்ட்டைச் செருகுங்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோரை நாற்காலியில் உட்கார வையுங்கள். ஒருமுறை என் அப்பா வேட்டியோடு புல்லில் சாய்ந்து படுத்தார். அதற்கு மேல் எழுதினால் கோபித்துக்கொள்வார்.

கோடையில் மூக்கைப் பிடிக்காமல் குதிப்பது

ஆகஸ்ட் மாத வெதுவெதுப்பான ஏரித் தண்ணீரில் மூளையைத் தின்னும் அமீபா இருக்கலாம். வாயால் குடித்தால் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. மிக மிக அரிது. வந்தால் பிழைப்பதும் அரிது. குழந்தைகளுக்கு மூக்கு கிளிப்.

கூலரை (ஐஸ் பெட்டி) வெளியே விடுவது

ரக்கூன் என்று இரவில் திரியும் ஒரு விலங்கு, கூலர் மூடியைத் திறக்கும். எங்கள் இட்லி மாவை ஒரு குடும்பமே நக்கியது.

விறகு பொறுக்குவது

டெக்சாஸ் ஸ்டேட் பார்க்கில் (மாநில அரசுப் பூங்கா) தடை. காசு கொடுத்து வாங்குங்கள். அதற்கு முன் அந்தக் கவுண்ட்டியில் (மாவட்டம் மாதிரி) பர்ன் பேன், அதாவது வெளியில் தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று பாருங்கள்.

பீர்

டெக்சாஸ் ஸ்டேட் பார்க்கில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக் குடிக்கக் கூடாது. 'சிவப்புக் கப்பில் ஊற்றினால் தெரியாது' என்பவர்களோடு நான் போவதில்லை.

மீன்பிடி லைசன்ஸ்

டெக்சாஸ் ஸ்டேட் பார்க்கின் கரையில் நின்று பிடித்தால் தேவையில்லை. வெளியே வந்தால் தேவை.

ஈர டென்டைச் சுருட்டி வைப்பது

ஞாயிற்றுக்கிழமை மதியம் களைப்பில் சுருட்டி கராஜில் போட்டுவிட்டு அடுத்த மாதம் பிரித்தால் பூஞ்சை நாற்றம் தூக்கும், அந்த டென்ட் அவ்வளவுதான். வந்த அன்றைக்கே விரித்துக் காய வையுங்கள். ஆனால் கொல்லைப்பக்கத்தில். நான் முன்பக்கப் புல்வெளியில் விரித்துவிட்டு உள்ளே போய்த் தூங்கினேன். செவ்வாய்க்கிழமை வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது, டென்டின் போட்டோவோடு.