விக்கிப் பக்கங்களின் அடியில் ஸ்கிரிப்ட் சேர்ப்பவர்களுக்கு

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பகுதிகளில் வழங்கும் மீன், பாசிப் பெயர்களைத் தொகுக்க மீடியாவிக்கியில் (விக்கித் தளங்களை இயக்கும் மென்பொருள்) ஒரு சிறு தளம் நடத்துகிறேன். வருகையாளர்களைக் கணக்கிடும் ஸ்கிரிப்டை, அதாவது சிறு நிரலை, பக்கங்களின் அடியில் சேர்க்க, முதலில் தளத்தின் தோற்றத்தை அமைக்கும் ஸ்கின் கோப்பையே திறந்து திருத்தினேன். புதிய பதிப்புக்கு மாறியபோது அந்தத் திருத்தம் சுவடில்லாமல் போயிற்று.

இதற்கென்றே 'ஸ்கின்ஆஃப்டர்பாட்டம்ஸ்கிரிப்ட்ஸ்' என்னும் ஹூக், அதாவது மென்பொருளின் மூலக் கோப்புகளைத் தொடாமல் நம் நிரலை இணைக்கும் இடம், இருக்கிறது. தளத்தின் அமைப்புகளைக் கொண்ட லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் இந்த ஹூக்குக்கு ஒரு ஃபங்ஷன் எழுதி, அதற்குள் வரும் உரை மாறியின் (பக்க அடியில் சேரும் உரையைத் தாங்குவது) இறுதியில் ஸ்கிரிப்ட் வரியை ஒட்டிவிட்டால், மேம்படுத்தும்போது அது அழிவதில்லை. ஒட்ட வேண்டுமேயன்றி மாறியின் மதிப்பை மாற்றி எழுதக் கூடாது. மாற்றி எழுதினால், பிற நீட்சிகள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) சேர்த்தவை அழிந்துவிடும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. காமன்.ஜேஎஸ் என்னும், தளம் முழுமைக்குமான விக்கிப் பக்கத்தில் எழுதும் நிரலை, பாதுகாப்பு கருதி, புகுபதிகை, விருப்பத்தேர்வுகள் ஆகிய பக்கங்களில் மீடியாவிக்கி இயக்குவதில்லை. ஹூக் வழியே சேர்ப்பதற்கோ அந்தத் தடை கிடையாது. ஆகவே, வெளியார் ஸ்கிரிப்ட் கடவுச்சொல் தட்டப்படும் பக்கத்தில் ஓடாதிருக்க, புகுபதிகை போன்ற சிறப்புப் பக்கமா என்று பார்த்து விலக்கும் நிபந்தனையை ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஸ்கிரிப்ட் வரியில் 'அசிங்க்' என்ற பண்பையும் சேர்ப்பது நல்லது. அப்படிச் செய்தால், சிக்னல் தடுமாறும் கடற்கரையில் கைபேசியில் படிப்பவருக்கு, கணக்கிடும் சர்வர் பதில் தரத் தாமதித்தாலும், பக்கத்தின் மற்றப் பகுதிகள் அதற்காகக் காத்திருக்கமாட்டா.