கருங்கோழிக் கலப்பில் குஞ்சு வெளுப்பது ஏன்?

கடக்நாத் என்ற கருங்கோழி இனத்தின் சேவல் ஒன்றை வாங்கி, வீட்டில் இருக்கும் நாட்டுப் பெட்டைகளோடு விட்டால் குஞ்செல்லாம் கருங்கோழியாகிவிடும் என்று நம்புபவர்கள் நிறைய. குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் பார்த்தால் பெட்டைக் குஞ்சுகளின் தோல் நல்ல கறுப்பு, சேவல்கள் மட்டும் வெளிறிப்போயிருக்கும். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் மரபியலைப் பார்த்துவிடலாம். பல நேரம் அந்தச் சேவலில் குறையே இருக்காது.

மனிதரைப் பற்றிப் பள்ளியில் படித்ததை அப்படியே கோழிக்கும் பொருத்திப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பிறப்பது ஆணா பெண்ணா என்பது மனிதரில் அப்பாவின் விந்தணுவைப் பொறுத்தது. கோழியில் அது பெட்டையைப் பொறுத்தது. கோழிக்கு 39 ஜோடி குரோமோசோம்கள். அதில் ஒரு ஜோடி பாலினத்துக்கானது: சேவலுக்கு இரண்டும் இசட், பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை தன் இசட்டை மகனுக்குத்தான் கொடுக்கும், மகளுக்குப் போவது டபிள்யூ. ஆக, மகளிடம் இருக்கும் ஒரே இசட் அப்பன் சேவல் கொடுத்தது.

இப்போது கருங்கோழிக்கு வருவோம். மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் இந்த இனத்துக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோல், சதை, எலும்பு உறை வரை கறுப்பேற்றும் மரபணு ஓங்கு தன்மை உடையது, ஒரு பிரதி இருந்தாலே வேலை செய்யும். ஆனால் இசட் குரோமோசோமில் அந்தக் கறுப்பை அமுக்கிவைக்கும் தடை மரபணு ஒன்று உண்டு. அதுவும் ஓங்கு தன்மை உடையதுதான். கடக்நாத்தில் இந்தத் தடை கிடையாது. மஞ்சள் காலோ வெள்ளைக் காலோ உள்ள நாட்டுக்கோழிகளில் பெரும்பாலும் இருக்கும்.

கணக்கு இவ்வளவுதான். கடக்நாத் சேவலை மஞ்சள் கால் பெட்டையோடு சேர்த்தால், அம்மாவின் தடை மகன்களுக்கு மட்டும் போகும். அவை வெளுக்கும், மகள்கள் கறுக்கும். மாற்றி, கடக்நாத் பெட்டையை மஞ்சள் கால் சேவலோடு விட்டால் தடை அப்பாவழி வரும். சேவல் குஞ்சு, பெட்டைக் குஞ்சு எல்லாமே வெளிறும். அதே இரண்டு இனம்தான், எது சேவல் எது பெட்டை என்பது மாறியதும் பலன் மாறிவிடுகிறது. மரபியல் அறிஞர்கள் பேட்சனும் பன்னெட்டும், கறுப்புத் தோல் உள்ள சில்கி கோழியைச் சாதாரணத் தோல் உள்ள பிரவுன் லெகார்ன் கோழியோடு கலந்து நூறு வருடத்துக்கு முன்பே இதைப் பார்த்துவிட்டார்கள்.

அடுத்த தவறு, அந்த முதல் தலைமுறைக் கலப்புகளையே ஒன்றோடொன்று விடுவது. கறுத்த மகளையும் வெளுத்த மகனையும் சேர்த்தால் நாலில் ஒரு குஞ்சுக்குக் கறுப்பு மரபணுவே வராது. மிச்சத்தில் பாதி தடையால் வெளுக்கும். எட்டில் மூன்றுதான் சரியான கறுப்பு.

கறுத்த மகள்களைத் திரும்ப நல்ல கடக்நாத் சேவலோடு விடுவதில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. வரும் குஞ்சுகள் அத்தனையும் கறுப்பாகத்தான் இருக்கும். ‘சுத்த ரத்தம் ஆகிவிட்டது’ என்று பலரும் முடிவு கட்டுவது இங்கேதான். அவற்றில் பாதி, கறுப்பு மரபணுவை ஒரே பிரதியாகத்தான் வைத்திருக்கின்றன. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. அவற்றை ஒன்றோடொன்று விடும் தலைமுறையில்தான் திடீரென்று ஒரு வெள்ளைத் தோல் குஞ்சு எட்டிப்பார்க்கும். உடனே பக்கத்து வீட்டுச் சேவல்மேல் பழி விழும்!

சந்தேகமான சேவலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. சாதாரணத் தோல் உள்ள நாட்டுப் பெட்டைகளோடு அதை விட்டு, பெட்டைக் குஞ்சுகளை மட்டும் கவனியுங்கள். சுத்தமான சேவல் என்றால் மகள்கள் எல்லாம் கறுக்க வேண்டும். ஒன்று வெளுத்தாலும் அது கலப்பு. பத்து மகள்களும் கறுப்பாக இருந்தால் நம்பலாம், ஏனென்றால் கலப்புச் சேவலுக்கு அப்படி அமைய 1024-ல் ஒரு வாய்ப்புதான். இரண்டு மூன்று குஞ்சைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுதான் இங்கே நடக்கும் தப்பு. கலப்புகளை ஒன்றோடொன்று விடும்போதும் அப்படித்தான்: கறுப்பு மரபணு வராத குஞ்சு ‘நாலில் ஒன்று’ என்று கணக்கு சொல்வதால் நாலு குஞ்சில் கட்டாயம் ஒன்று வந்தாக வேண்டும் என்பதில்லை. எட்டுக் குஞ்சில் ஒன்றுகூட வராமல் போகவே பத்துக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.

சோதனைக்கு முன் பெட்டைகளைத் தனியே வைக்க மறக்கக் கூடாது. பெட்டையின் உடலுக்குள் விந்தணு இரண்டு வாரத்துக்கும் மேல் உயிரோடு இருக்கும். இன்று சேவலை மாற்றி அடுத்த வாரம் முட்டையை அடைக்கு வைத்தால், பொரிப்பது யார் குஞ்சு என்று சொல்ல முடியாது. மூன்று வாரம் இடைவெளி விட்டால் போதும். அதற்கு மேலும் பழைய சேவலின் ‘வாசம்’ பெட்டையில் தங்கிவிடும் என்று சொல்வது வெறும் பேச்சு.

நிறத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் சில ஜோடிகளைச் சேர்க்கவே கூடாது. இறகு சுருண்ட இரண்டு கோழிகளைச் சேர்த்தால் கால்வாசிக் குஞ்சுகளுக்கு இறகு ஒடிந்து உதிர்ந்து தோல் தெரியும். பிறவியிலேயே கால் மிகக் குட்டையான இனங்களில் அந்த மரபணு இரட்டையாக வந்தால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். இன்குபேட்டரைத் திட்டிப் பயனில்லை. அண்ணன் தங்கையைத் தொடர்ந்து சேர்ப்பதிலும் பொரிப்புத்திறன்தான் முதலில் அடிவாங்கும்.

அப்புறம் வனராஜா மாதிரிக் கலப்பினங்கள். இவை வேறு வேறு மரபுவழிக் கோழிகளைக் கலந்து எடுத்த குஞ்சுகள். அவற்றின் முட்டையை வீட்டில் பொரிக்க வைத்தால் குஞ்சு வரும், ஆனால் எடையும் முட்டை எண்ணிக்கையும் ஆளுக்கொரு பக்கம் போகும். முட்டைக்காகச் சேவல் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் உயரத்தையும் வாலையும் பார்க்கிறார்கள். சேவல் முட்டையிடாதே! அதன் அம்மாவும் கூடப்பிறந்த பெட்டைகளும் எத்தனை இட்டன என்று பார்க்க வேண்டும்.

அதற்குக் குறிப்பு வேண்டும். எந்தக் குஞ்சு எந்த ஜோடியுடையது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை முப்பது குஞ்சோடு முடிந்துவிடும். குஞ்சு பொரித்த அன்றே கால்விரல் சவ்வில் சின்னத் துளை போட்டுவிடுவது பழைய, செலவில்லாத முறை. இரண்டு காலிலும் சேர்த்து நாலு சவ்வு. துளை இருக்கிறதா இல்லையா என்று மாற்றி மாற்றிப் போட்டால் 16 ஜோடிகளைப் பிரித்தறியலாம். துளை தூர்ந்துவிடாமல் இருக்கிறதா என்று ஒரு வாரம் கழித்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.