கெட்ட செய்தி உங்களுக்குத்தான் கடைசியாக வருகிறதா? குழுவை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதவி உயர்வு கிடைத்து ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே ஒரு மாற்றம் தொடங்கிவிடும். நேற்றுவரை உங்களிடம் மனம்விட்டுப் பேசியவர்கள் இன்று வார்த்தைகளை எண்ணிப் பேசுவார்கள். உங்கள் யோசனை சுமாராக இருந்தாலும் "நல்லா இருக்கு" என்பார்கள். ஒரு வேலை தாமதமாகப் போகிறது என்ற செய்தி, எல்லோருக்கும் தெரிந்த பிறகு உங்கள் காதுக்கு வரும். இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. சம்பள உயர்வு, விடுப்பு, அடுத்து யாருக்கு எந்த வேலை என்பதெல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவார்கள்.

தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, பதவியோடு தானாக வரும் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிற தவறுகள்தான் என்பது என் கருத்து. வேலை நடக்கும் இடத்தில் என்ன நிலவரம் என்று தெரியாமல் முடிவெடுத்தால், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சறுக்கத்தான் செய்யும். அதனால் திட்டமிடல், பேச்சுத்திறன் எல்லாவற்றுக்கும் முன்னால், உண்மை உங்களிடம் வந்து சேர்கிறதா என்று பாருங்கள்.

கெட்ட செய்தி கொண்டுவந்தவர் மேல் பாய்வது

1978 டிசம்பர் 28 அன்று அமெரிக்காவின் போர்ட்லேண்டில் தரையிறங்க வந்த யுனைடெட் ஏர்லைன்ஸ் 173 விமானத்தில், சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகம் எழுந்தது. தலைமை விமானி அதை ஆராய்ந்தபடி, விமான நிலையத்துக்கு அருகிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம் விமானத்தைச் சுற்ற வைத்தார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. உடன் இருந்த துணை விமானியும் விமானப் பொறியாளரும் எரிபொருளைப் பற்றிச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் "இப்போதே இறக்க வேண்டும்" என்று அடித்துச் சொல்லவில்லை. தலைமை விமானியின் கவனமும் சக்கரத்தை விட்டு நகரவில்லை. கடைசியில் எரிபொருள் தீர்ந்து விமானம் ஊருக்குள்ளேயே விழுந்தது. அதில் இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். எரிபொருளைக் கவனிக்காததும் சகாக்கள் சொன்னதற்குச் செவிகொடுக்காததும் தலைமை விமானியின் தவறு என்றது விசாரணை அறிக்கை. தங்கள் கவலையை அழுத்திச் சொல்லாததற்காக மற்ற இருவரையும் அது குறிப்பிட்டது. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான், மூத்தவர்கள் கேட்கவும் இளையவர்கள் துணிந்து சொல்லவும் விமானக் குழுவினருக்கு முறையான பயிற்சி வந்தது. 1981இல் அதைத் தொடங்கியதும் யுனைடெட் நிறுவனம்தான்.

தேவையான தகவல் அந்தச் சின்ன அறைக்குள்ளேயே இருந்தது. முடிவெடுக்க வேண்டியவருக்கு அது உறைக்கவில்லை, அவ்வளவுதான். அலுவலகத்தில் விளைவு இவ்வளவு கொடுமையாக இருக்காது. ஆனால் ஒரு வேலை கெடு தாண்டிய பிறகு விசாரித்துப் பாருங்கள். இரண்டு மாதம் முன்பே யாரோ ஒருவருக்கு அது தெரிந்திருக்கும். அவர் சொன்னாரா? ஒருவேளை ஜாடையாகச் சொல்லியிருப்பார். "கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கு" என்று ஒருவர் சொல்வதன் முழு அர்த்தம், பல நேரங்களில் "இது முடியாது" என்பதுதான்.

ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். வந்த கணக்கோ தலைகீழாக இருந்தது. நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள பிரிவுகளில்தான் பதிவான தவறுகள் அதிகம். அங்கே செவிலியர்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்டுபிடித்த காரணம். மற்ற இடங்களில் தவறு நடந்தது, பேச்சு வரவில்லை. உங்கள் குழுவில் ஒரு பிரச்சினையும் இல்லை என்று மாதக்கணக்கில் தகவல் வருகிறது என்றால், சந்தோஷப்படும் முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒருவர் கெட்ட செய்தியோடு வரும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்று ஆரம்பித்தால் அடுத்த முறை இன்னும் தாமதமாகத்தான் சொல்வார். "சொன்னது நல்லது. இப்போ நம்மால என்ன செய்ய முடியும்?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். யாரால் நடந்தது, எப்படி நடந்தது என்ற விசாரணை தேவைதான். அதை நிலைமை கட்டுக்குள் வந்த பிறகு, நிதானமாகச் செய்யலாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கமும் உண்டு: "பிரச்சினையோடு வராதீர்கள், தீர்வோடு வாருங்கள்" என்று சொல்வது. கேட்பதற்குப் பொறுப்பை வளர்ப்பது போலத் தோன்றும். ஆனால் தீர்வு தெரியாத பிரச்சினைகள்தான் ஆபத்தானவை. அவைதான் உங்களிடம் முதலில் வர வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தால் அவற்றுக்கு நீங்களே கதவைச் சாத்திவிடுகிறீர்கள்.

மீட்டிங்கில் முதல் ஆளாகக் கருத்துச் சொல்வது

இது திருத்துவதற்கு மிகச் சுலபமான தவறு. மேலாளர் "எனக்கு இரண்டாவது வழிதான் சரின்னு படுது, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால் அதற்குப் பிறகு வருவது கருத்து அல்ல, தலையாட்டல். புதிதாகச் சேர்ந்தவர்களையும் குறைவாகப் பேசுபவர்களையும் முதலில் பேச விடுங்கள். முக்கியமான முடிவு என்றால், மீட்டிங்குக்கு முன்பே ஆளுக்கு நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

பழைய வேலையை விடாமல் பிடித்துக்கொள்வது

நன்றாக விற்பவரை விற்பனைக் குழுவுக்குத் தலைவராக்குவதும், நன்றாக நிரல் எழுதுபவரை நிரலாளர்களுக்குத் தலைவராக்குவதும் எங்கும் நடப்பதுதான். பல நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களை வைத்து மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிறுவனங்கள் அதிகம் விற்பவர்களையே மேலாளராக்க முனைகின்றன. ஆனால் அப்படி வந்தவர்களின் குழுக்கள் சராசரியாக மற்றவர்களின் குழுக்களை விடப் பின்தங்கின என்பது அவர்கள் கண்டது. திறமைசாலிகள் தலைவராகக் கூடாது என்று இதற்குப் பொருள் அல்ல. ஒரு வேலையைச் செய்யும் திறமை வேறு, அதை மற்றவர்களைக் கொண்டு செய்விக்கும் திறமை வேறு. முதலாவது இருப்பதாலேயே இரண்டாவதும் வந்துவிடாது.

கூகுள் நிறுவனம் 2009 வாக்கில் தன் மேலாளர்களைப் பற்றித் தானே ஓர் ஆய்வு நடத்தியது. நல்ல மேலாளர்களிடம் காணப்பட்ட எட்டுப் பண்புகளை வரிசைப்படுத்தியபோது முதலிடத்தில் வந்தது ஆட்களைப் பயிற்றுவித்து வளர்ப்பது. ஒவ்வொன்றிலும் மூக்கை நுழைக்காமல் வேலையை நம்பி ஒப்படைப்பது இரண்டாவது. தொழில்நுட்ப அறிவு எட்டாவது, அதாவது கடைசி. அதுவும் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில்.

புதிய மேலாளருக்கு வேலையை விட்டுக்கொடுப்பது உண்மையிலேயே கஷ்டம். தான் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை இன்னொருவர் அரை நாள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "குடுங்க, நானே பண்ணிடறேன்" என்று வாங்கிவிடுவார். அன்றைக்கு வேலை முடியும். அந்த நபர் கற்றுக்கொள்ளமாட்டார், மேலாளரும் இரவு எட்டு மணிக்கு முன் கிளம்பமாட்டார். இது ஆறு மாதம் ஓடினால் குழுவில் எந்த முடிவும் அவர் இல்லாமல் நகராது. அவர் விடுப்பு எடுத்தால் எல்லோரும் காத்திருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "நம்பி விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, கடைசி நாளில் வந்து "நான் கேட்டது இது இல்லையே" என்பது. வேலையை ஒப்படைப்பது என்றால் நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்வது: முடிவில் என்ன கிடைக்க வேண்டும், எப்போது, எதையெல்லாம் உங்களைக் கேட்காமலே அவர் முடிவு செய்யலாம், நடுவில் எந்த நாளில் சேர்ந்து பார்ப்போம். பெரும்பாலானவர்கள் முதல் இரண்டைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவது இல்லாததால் அவர் ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் ஓடி வருவார். நான்காவது இல்லாததால் நீங்கள் பதற்றத்தில் தினமும் அவரைத் துளைப்பீர்கள்.

எல்லோரையும் ஒரே அளவில் கண்காணிப்பதும் சரியில்லை. முதல் முறையாக ஒரு வேலையைச் செய்பவருக்கு அடிக்கடி எட்டிப் பார்ப்பது உதவி. பத்தாவது முறை செய்பவருக்கு அதே செயல் அவமானம். பத்து வருட அனுபவசாலியாக இருந்தாலும், கையில் இருக்கும் வேலை அவருக்குப் புதிது என்றால் அவரும் அந்த வேலையில் புதியவர்தான்.

பின்னூட்டத்தை அப்ரைசல் வரை சேர்த்துவைப்பது

மார்ச்சில் நடந்த தவறை டிசம்பரில் சொன்னால் கேட்பவருக்கு அது நினைவிலேயே இருக்காது. "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்ற கசப்பு மட்டும் தங்கும். நடந்த ஓரிரு நாளில், தனியாக அழைத்து, அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுங்கள்.

எப்படிச் சொல்கிறோம் என்பது இன்னும் முக்கியம். பின்னூட்டம் கொடுத்தாலே ஆள் முன்னேறிவிடுவார் என்று நினைக்கிறோம். க்ளூகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இது பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1996இல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் பலன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான முறை, அதன் பிறகு செயல்திறன் குறைந்திருக்கிறது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அதனால் "உங்களுக்குக் கவனமே இல்லை" என்பதும் "நேற்று அனுப்பிய அறிக்கையில் மூன்றாம் பக்கத்து மொத்தம் தப்பாக இருந்தது, வாடிக்கையாளர் கண்ணில் பட்டுவிட்டது" என்பதும் ஒன்றல்ல. முதலாவதைக் கேட்டவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார். இரண்டாவதைக் கேட்டவர் மூன்றாம் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். பாராட்டும் இப்படித்தான். "சூப்பர்" என்பதோடு நிறுத்தாமல் எது நன்றாக இருந்தது என்று சொன்னால்தான் அவர் அதைத் திரும்பவும் செய்வார்.

பலர் முன்னிலையில் ஒருவரைத் திட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம்.

தள்ளிப்போடும் இன்னொரு பேச்சு, தொடர்ந்து வேலை செய்யாத ஒருவரிடம் பேச வேண்டிய பேச்சு. மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அவர் செய்யாத வேலை எங்கேயோ போயாக வேண்டும். அது குழுவிலேயே நன்றாக வேலை செய்பவர் தலையில் போய் விழுகிறது. அவர் முகம் சுளிக்காமல் செய்வார், ஒரு வருடம் கழித்து ராஜினாமா கடிதம் கொடுப்பார். உங்கள் இரக்கத்துக்கான விலையைக் கொடுத்தவர் அவர்தான். வேலை செய்யாதவருக்கும் இதில் நன்மை இல்லை. தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கும் உண்டு.

ஒரே ஒரு எண்ணைத் துரத்த வைப்பது

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டு வங்கிச் சேவைகளை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்துக் கிளை ஊழியர்களை விரட்டியது. எட்ட முடியாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016இல் விஷயம் வெடித்தபோது, அனுமதியின்றித் திறக்கப்பட்டிருக்கலாம் என்று கருதப்பட்ட கணக்குகள் ஏறக்குறைய 20 லட்சம். வேலையிழந்தவர்கள் சுமார் 5,300 பேர். அபராதம் 18.5 கோடி டாலர்.

டார்கெட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. டார்கெட் வைத்துவிட்டு, அதை எப்படி எட்டினார்கள் என்று கேட்காமல் இருப்பதுதான் தவறு. எண் எகிறினால் பாராட்டுவதற்கு முன் இரண்டு மூன்று வேலைகளை எடுத்து நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். "இந்த டார்கெட்டை எட்டறதுக்காக எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்ததா?" என்று நேரடியாகவே கேளுங்கள்.

சின்னதாகத் தெரிந்தாலும் சின்னது அல்லாதவை

தனியாகச் சந்திப்பதாகச் சொன்ன நேரத்தை ஒவ்வொரு வாரமும் ரத்து செய்வது. உங்களுக்கு அது நாட்காட்டியில் ஒரு கட்டம். அவர் அதற்காக மூன்று விஷயங்களைச் சேர்த்துவைத்திருப்பார். குழு செய்த வேலையை மேலிடத்தில் "நான்" என்று சொல்வது. இது எப்படியோ குழுவின் காதுக்கு வந்தே தீரும். இரவு பதினொரு மணிக்குச் செய்தி அனுப்பிவிட்டு "காலையில் பார்த்தால் போதும்" என்பது; அனுப்பியவர் நீங்கள் என்பதால் அவர் அப்போதே பார்ப்பார். காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து அனுப்பும் வசதி இப்போது பெரும்பாலான மின்னஞ்சல் சேவைகளில் இருக்கிறது.

குழு ஏற்கெனவே வாயை மூடிக்கொண்டுவிட்டது என்றால்

"ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். "இந்த வாரம் உங்க நேரத்தை வீணாக்கினது எது?", "நான் செய்யறதுல எதை நிறுத்தினா உங்க வேலை சுலபமாகும்?" என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். முதல் முறை பெரிதாக எதுவும் வராது. ஏதோ ஒரு சின்னக் குறை வரும்: ஒரு படிவத்தை இரண்டு இடத்தில் நிரப்ப வேண்டியிருக்கிறது, திங்கள் மீட்டிங் நீளமாகப் போகிறது என்கிற மாதிரி. உங்களைச் சோதித்துப் பார்க்கத்தான் அதைச் சொல்வார்கள். அந்த வாரத்துக்குள் அதைச் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் ஏன் முடியாது என்பதை, சொன்னவரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பெரிய விஷயங்கள் அதற்கப்புறம்தான் வரும். சில மாதங்கள் ஆகலாம். அதுவரை பொறுமை இழந்து "மனசுல இருக்கறதைச் சொல்லுங்கன்னு எத்தனை தடவை கேட்கறது" என்று மட்டும் அலுத்துக்கொள்ளாதீர்கள்.