திரையின் முகம் தெரிய: செல்போன், மானிட்டர் ஒளியில் சில ஒளிப்படச் சோதனைகள்

செல்போனில் ஒரு படத்தைப் பார்க்கும்போது கண்ணாடியை யாரும் பார்ப்பதில்லை. விரல் ரேகை, கீறல், புள்ளிகளாலான வலை, அதை எரியவைக்கும் ஒளி எல்லாம் எதிரிலேயே இருக்கின்றன. ஆனால் படத்தில் சிரிக்கும் ஆள் மட்டும்தான் நமக்குத் தெரிகிறார். கீழே உள்ள முறைகள் அந்தக் கண்ணாடியையும் அதன் ஒளியையும் கேமரா முன்னால் கொண்டுவந்து நிறுத்துபவை. முதல் இரண்டுக்கும் ஒரு மாலைப் பொழுது போதும். மூன்றாவதற்குப் பொறுமை வேண்டும். நான்காவதற்கு இருட்டாக்கக்கூடிய ஒரு குளியலறையும் கொஞ்சம் ரசாயனமும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பொதுவான சில ஏற்பாடுகள் உண்டு. படமெடுக்கப்படும் திரையில் ஆட்டோ பிரைட்னஸ், இரவு நேர மஞ்சள் நிறம், தானாக அணையும் நேரம் மூன்றையும் நிறுத்துங்கள். 90 அல்லது 120 ஹெர்ட்ஸில் ஓடும் போன் என்றால் 60-க்கு இறக்குங்கள். ஒட்டியிருக்கும் டெம்பர்டு கிளாஸைக் கழற்றிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். அறை விளக்குகளை அணைத்த பிறகும் கேமராவும் உங்கள் வெள்ளைச் சட்டையும் திரையில் பிரதிபலிக்கும். கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, லென்ஸை அதன் வழியே நீட்டினால் தொல்லை தீரும்.

ஷட்டர் வேகத்தில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு நொடியில் 60 முறை மேலிருந்து கீழாகப் புதுப்பிக்கப்படுகிறது. 1/250 வைத்தால் அந்த வேலையின் ஒரு துண்டு மட்டும் பதிவாகி, படத்தில் இருண்ட பட்டை விழலாம். 1/60, 1/30, 1/15 என்று முழுச் சுற்றுகளாக வையுங்கள். அப்படியும் மெல்லிய வரிகள் தெரிந்தால் பிரைட்னஸைக் கூட்டிப் பாருங்கள்: ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும்) திரைகள் பலவும் ஒளியைக் குறைப்பதற்கு அதை வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுகின்றன, பிரைட்னஸ் ஏறினால் அணைந்திருக்கும் நேரம் குறையும். பட்டைதான் வேண்டும் என்றால் 1/1000-க்கு ஏற்றுங்கள். திரை தொடர்ந்து எரியும் ஒன்றல்ல என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் கிடையாது.

மஞ்சளைத் தேடுதல்

மஞ்சள் கிழங்கு அல்லது சாமந்திப் பூவின் படத்தைத் திரை முழுக்க வையுங்கள். தோராயமாக 1:1 அளவுக்கு (பொருளும் சென்சாரில் விழும் அதன் பிம்பமும் ஒரே அளவாகும்வரை) நெருங்கினால் மஞ்சள் காணாமல் போகும். சிவப்பும் பச்சையும் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். நீலம் அணைந்தோ மங்கியோ இருக்கும். மஞ்சள் நம் கண்ணில் உண்டாவது. திரையில் அது இல்லை.

பழகுவதற்கு 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் நல்லது. அதில் ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.277 மில்லிமீட்டர், அதற்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கோடுகள். ஃபுல் ஃப்ரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் 1:1 மேக்ரோ வைத்தால் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 130 பிக்சல்கள் அடங்கும். மேக்ரோ லென்ஸ் இல்லையென்றால் பழைய 50 மி.மீ. லென்ஸை ரிவர்ஸ் ரிங் போட்டுத் திருப்பி மாட்டுங்கள். அபெர்ச்சர் எஃப்/8, ஷட்டர் 1/15, இரண்டு நொடி டைமர். இந்த நெருக்கத்தில் ஃபோகஸின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் கேமரா சற்றே சாய்ந்தாலும் ஒரு ஓரம் மங்கிவிடும். திரைமீது முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றைப் படுக்கையாக ஒட்டி, வியூஃபைண்டரின் நடுவில் உங்கள் லென்ஸின் பிம்பமே தெரியும்வரை கேமராவைத் திருத்துங்கள். அப்போது இரண்டும் இணை. கண்ணாடியை எடுத்துவிட்டு ஃபோகஸ் செய்யுங்கள்.

செல்போன் திரையில் பிக்சல்கள் இன்னும் பொடி. அங்கே ஒரு துளி தண்ணீரே லென்ஸ். போனைச் சமதளத்தில் வைத்து, ஸ்பீக்கர் ஓட்டைகளுக்குத் தள்ளி, சிரிஞ்சால் 2 அல்லது 3 மி.மீ. அகலத்துக்கு ஒரு துளி விடுங்கள். துளி அரைக்கோளமாக நின்றால்தான் பெரிதாக்கும். கண்ணாடியின் மேல்பூச்சு தேய்ந்திருந்தால் துளி பரந்து தட்டையாகிவிடும். விரல் அதிகம் படாத ஓரத்தில் முயலுங்கள். ஓஎல்இடி போன்கள் பலவற்றில் சிவப்பு, நீலம் ஒவ்வொன்றையும் போல இரு மடங்கு பச்சைப் புள்ளிகள் இருப்பதை, சாய்சதுர வலையாக, நேரில் பார்க்கலாம். மானிட்டரில் இதைச் செய்யாதீர்கள். நின்றிருக்கும் திரையில் தண்ணீர் கீழ்விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

மொய்ரே அலைகள்

திரையைப் படமெடுக்கும்போது குறுக்கே வரும் வானவில் வரிகளுக்குத்தான் மொய்ரே என்று பெயர். அவற்றைத் தவிர்க்கத்தான் எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். அவற்றை வேண்டுமென்றே வரவழைப்பதும் எளிது. திரையின் பிக்சல் வலை, சென்சாரின் வலைமீது ஏறக்குறைய அதே இடைவெளியில் விழும்போது இரண்டும் மோதி அலைகள் பிறக்கின்றன. எஃப்/5.6-இல் கூர்மையாக ஃபோகஸ் செய்துவிட்டு கேமராவை ஓரிரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் நகர்த்துங்கள்; ஓரிடத்தில் வரிகள் பெரிதாகி விரியும். ஒரு டிகிரி திருப்பினால் திசை மாறும். கேமரா இணையாக இல்லாவிட்டால் வரிகள் வளையும், அதுவே அழகு. எஃப்/16-க்குப் போனால் ஒளி சிதறி வலை மழுங்கி, அலைகளும் அடங்கும்.

கேமராவின் பின்திரையை நம்பாதீர்கள். அதுவும் ஒரு பிக்சல் வலைதான், தன் பங்குக்கு ஒரு பொய் மொய்ரேயைச் சேர்க்கும். 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிவதே உண்மை. கோப்பைச் சுருக்கும்போதும் அலைகள் மாறும் என்பதால், எந்த அளவில் பிரிண்ட் போடப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

அரை மணி நேரம், ஒரே படம்

ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ, 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கத் திரையரங்குகளில் பெரிய கேமராவை நிறுத்தி, சினிமா தொடங்கும்போது ஷட்டரைத் திறந்து முடியும்போது மூடினார். திரை வெறும் வெள்ளைச் செவ்வகமானது. அந்த ஒளியில் அரங்கின் சுவர்களும் இருக்கைகளும் பதிவாயின. இதையே செல்போனில் செய்தால் வெள்ளைச் செவ்வகம் வராது. குறுங்காணொளிச் செயலியில் அரை மணி நேரம் தள்ளிக்கொண்டே போனால் முகங்கள், சமையல், நடனம், செய்தி எல்லாம் ஒரு சாம்பல் மூட்டமாகக் கரைகின்றன. ஓரத்தில் உள்ள இதயக் குறியும் பகிரும் அம்பும் கீழ்ப்பட்டையும் மட்டும் கூர்மையாக நிற்கின்றன. அவை மட்டுமே அரை மணி நேரமும் இடம் மாறாமல் இருந்தவை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்துபார்க்க நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

போனை மேசையில் இரட்டைப் பக்க டேப்பால் அசையாமல் ஒட்டுங்கள். டிரைபாடின் நடுத்தண்டைக் கிடையாக்கி, கேமராவை நேர் மேலே தொங்கவிடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு பை மணலாவது எடைக்குக் கட்டியிருக்க வேண்டும். நீங்கள் கீழ்விளிம்புப் பக்கம் உட்கார்ந்து, ஒரே விரலால் தள்ளுங்கள். விரல் எந்த வழியில் போய்வருகிறதோ அங்கே லேசான நிழல் படியும். அதை மறைக்க முயலாதீர்கள்.

ஒரே எக்ஸ்போஷராக எடுக்க: பிரைட்னஸை வெகுவாகக் குறைத்து, ஐஎஸ்ஓ 100, எஃப்/16, 10 ஸ்டாப் என்டி ஃபில்ட்டர் (லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி; ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்). திரையின் ஒளி சதுர மீட்டருக்கு 50 கேண்டெலா அளவில் இருந்தால், வெள்ளைப் பகுதி நடுச்சாம்பலாகப் பதிய சுமார் 10 நிமிடம் ஆகும். காணொளிகளின் சராசரி ஒளி வெள்ளையைவிட வெகு குறைவு என்பதால் 30 நிமிடம் தாங்கும். ஆனால் 28-ஆவது நிமிடத்தில் மேசையில் முழங்கை இடித்தால் எல்லாம் போச்சு. வெயில் காலத்தில் சென்சார் சூடாகி வண்ணப் புள்ளிகளும் சேரும்.

அதனால் துண்டு துண்டாக எடுப்பதே நல்லது: 6 ஸ்டாப் என்டி, 30 நொடி வீதம், அடுத்தடுத்து 60 படங்கள், ரா கோப்பாக. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கேமரா இன்னொரு 30 நொடி எடுத்துக்கொள்ளும். பிறகு ஃபோட்டோஷாப்பில் எல்லாவற்றையும் ஒரே ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி, ஸ்டாக் மோடில் 'மீன்' (Mean, சராசரி) என்பதைத் தேர்ந்தெடுங்கள். நட்சத்திரத் தடங்களுக்குப் பழகியவர்கள் கைப்பழக்கத்தில் 'லைட்டன்' போட்டுவிடுவார்கள். அது எப்போதோ ஒரு கணம் மின்னிய வெள்ளையை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது சராசரி. ஒவ்வொரு தனிப்படத்திலும் முன்பின் தெரியாதவர்களின் முகங்கள் இருக்கும் என்பதால், சராசரி எடுத்து முடித்ததும் அவற்றை அழித்துவிடுவதே முறை.

படம் வெறும் வெள்ளையாக வந்தால் பிரைட்னஸ் தானாக ஏறியிருக்கிறது. குறிகளும் சேர்ந்து மங்கியிருந்தால் போன் நகர்ந்திருக்கிறது, டேப்பைப் பாருங்கள்.

போனையே நெகட்டிவாக வைத்தல்

போட்டோ பேப்பரைத் திரைமீது கவிழ்த்து, திரையைக் கணநேரம் எரியவைத்து, பேப்பரை டெவலப் செய்வது. இடையில் லென்ஸ் கிடையாது. திரையின் ஒளி பட்ட காகிதமே கையில் மிஞ்சும்.

இதற்கு ஓஎல்இடி (அமோலெட்) திரைதான் வேண்டும். அதில் கறுப்பு என்றால் புள்ளி உண்மையாகவே அணைந்திருக்கும். எல்சிடி திரையில் பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் கறுப்பிலும் ஒளி கசியும், பேப்பர் முழுதும் சாம்பலாகும். பேப்பர், ஆர்சி (பிளாஸ்டிக் பூச்சுள்ள) வகை மல்டிகிரேட் (ஒளியின் நிறத்துக்கேற்ப கான்ட்ராஸ்ட் மாறுவது), 5×7 அங்குலம்.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நிறம் தலைகீழாக்கி, இடவலமாகவும் திருப்புங்கள். இரண்டாவதை மறந்தால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் வரும். பிறகு எந்த வீடியோ செயலியிலாவது ஒரு சின்னக் காணொளி செய்யுங்கள்: 20 நொடி முழுக் கறுப்பு, தேவையான நேரம் படம், மீண்டும் 20 நொடி கறுப்பு. இந்தக் காணொளிதான் உங்கள் ஷட்டர். இருட்டில் ஓட்டிப் பாருங்கள். கறுப்பு வரும்போது போன் இருக்கும் இடமே தெரியக் கூடாது. லேசாகச் சாம்பல் தெரிந்தால் ஏற்றுமதி செய்தபோது கறுப்பின் அளவு ஏறியிருக்கிறது. முதல் 20 நொடி எதற்கென்றால், பிளே அழுத்தியதும் தோன்றும் பொத்தான்கள் மறையும்வரை காத்திருந்து, பிறகு பேப்பரைக் கவிழ்க்க.

பிரைட்னஸை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். திரையோடு ஒட்டியிருக்கும் பேப்பருக்கு அதுவே ஏராளம். முழு பிரைட்னஸில் ஒரு நொடிக்கும் வெகு குறைவான நேரத்தில் பேப்பர் கரியாகிவிடும். சரியான நேரத்தைக் கண்டுபிடிக்க, டெஸ்ட் ஸ்ட்ரிப்பையும் போனே போட்டுத்தரும்: திரையை ஐந்து வெள்ளைப் பட்டைகளாகப் பிரித்து, அவை 0.2, 0.4, 0.8, 1.6, 3.2 நொடிகளில் ஒவ்வொன்றாக அணையும் காணொளி ஒன்றைச் செய்யுங்கள். எந்தப் பட்டையில் முதன்முதலாக முழுக் கறுப்பு வருகிறதோ அதுவே உங்கள் நேரம். போனுக்குப் போன் இது மாறும்.

மல்டிகிரேட் பேப்பரில் நீல ஒளி கான்ட்ராஸ்டைக் கூட்டும், பச்சை குறைக்கும். எனவே தனியாக ஃபில்ட்டர் வாங்க வேண்டாம். படம் சப்பென்று இருந்தால் நெகட்டிவின் வெள்ளையை நீலமாக மாற்றுங்கள். கரடுமுரடாக இருந்தால் பச்சையாக. நிறத்தை மாற்றினால் நேரத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், அலாரங்களையும் நிறுத்துங்கள். ஒரு நோட்டிஃபிகேஷன் எட்டிப்பார்த்தால் பேப்பர் போய்விடும். சிவப்பு சேஃப்லைட்டில் (போட்டோ பேப்பரைப் பாதிக்காத விளக்கு), பேப்பரின் பளபளப்பான பக்கம் திரையைத் தொடும்படி கவிழ்த்து, மேலே ஒரு தட்டையான புத்தகத்தை வைத்து, காணொளி முடியும்வரை காத்திருங்கள்.

பிறகு மூன்று தட்டுகள். படத்தை வெளிக்கொண்டுவரும் இல்ஃபோர்டு மல்டிகிரேட் டெவலப்பர் 1+9 கலவையில் (ஒரு பங்கு ரசாயனம், ஒன்பது பங்கு தண்ணீர்) 20 டிகிரியில் ஒரு நிமிடம், அந்த வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத் 10 நொடி, படத்தை நிலைப்படுத்தும் ரேபிட் ஃபிக்ஸர் 1+4 கலவையில் 30 நொடி, ஓடும் நீரில் இரண்டு நிமிடம். நம் ஊர் வெயிலில் டெவலப்பர் 30 டிகிரியைத் தொடும், படம் சட்டென்று கறுத்துவிடும். தட்டை ஐஸ் பாட்டில் மிதக்கும் பெரிய தட்டுக்குள் வையுங்கள். இடுக்கியும் கையுறையும் வேண்டும், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்கக் கூடாது. பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும், ஆகவே சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாமல் மூடிய கேனில் சேர்த்துவையுங்கள்.

படம் மென்மையாகத்தான் வரும். புள்ளிகளுக்கும் பேப்பருக்கும் நடுவில் மூடுகண்ணாடி இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் அதற்குள் பக்கவாட்டில் பரவுகிறது. கண்ணிமை முடி போன்ற நுணுக்கத்தை எதிர்பார்க்காமல், பெரிய முகம், கைநிழல், தடித்த எழுத்து என்று தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் திரை தெரியாமல் செய்யும் பிரைவசி கிளாஸ் ஒன்றை ஒட்டினால் ஒளி பக்கவாட்டில் பரவுவது குறையும், நேரம் மட்டும் கொஞ்சம் கூடும்.

செல்ஃபி கேமராவுக்குத் திரையிலேயே ஓட்டை உள்ள போன்களில் மேல்விளிம்பில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் இருக்கும். அது அந்தக் கேமராவின் இடம். அங்கே திரை எரிவதில்லை. அதை வெட்டாமல் பிரிண்டிலேயே விட்டுவிடுங்கள். ஆர்சி பேப்பரைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் சீக்கிரமே காய்ந்துவிடும்.