டைமர் ரெஜிஸ்டரை யூசர் புரோகிராமுக்குத் திறந்து விடுவது: ஒரே ஒரு பக்கம், வாசிக்க மட்டும்

மாரி மழை பிடித்தால் மட்டக்களப்பு வாவி ஏறும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை அளக்க ராஸ்பெரி பை சீரோ என்ற சின்னக் கணினி போர்டும் தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சரும் போதும். சென்சரின் எக்கோ பின் (ஒலி போய்த் திரும்பும்வரை உயர்ந்திருக்கும் முனை) எத்தனை மைக்ரோசெக்கன் உயர்ந்திருந்தது என்பதிலிருந்துதான் தூரம் வருகிறது. பை சீரோவில் நேரம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிஸ்டம் கால் (லினக்ஸின் மையமான கேர்னலிடம் வேலை கேட்பது) ஆகிவிடுவதால், டைமர் ரெஜிஸ்டரை (சிப்புக்குள் நேரத்தை எண்ணிவைக்கும் இடம்) புரோகிராம் நேரடியாகவே வாசிப்பது நல்லது.

பலரும் செய்வது, ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) ஓடி, மெமரி முழுவதையும் காட்டும் /டெவ்/மெம் பைலைத் திறப்பது. அதைச் செய்யாதீர்கள். மைக்ரோசெக்கன் எண்ணி (கவுன்டர்) இருக்கும் அதே பக்கத்தில் (மெமரியைப் பிரிக்கும் அலகு) நான்கு ஒப்பீட்டு ரெஜிஸ்டர்களும் (எண்ணி குறித்த எண்ணைத் தொட்டதும் சமிக்ஞை தருபவை) இருக்கின்றன. 0, 2 இரண்டும் கிராபிக்ஸ் பகுதிக்கு. 3 லினக்ஸின் சொந்த டிக்குக்கு. பிழையான பாயின்டர் ஒன்று அங்கே எழுதினால் போர்ட் உறைந்துவிடும். வாவி நடுவே கம்பத்தில் இருக்கும் போர்ட் என்றால் தோணி எடுத்துப் போய்த்தான் ரீசெட் பண்ண வேண்டும்.

முதலில் முகவரி. சிப்பின் கையேடு தருவது பஸ் முகவரி, அது 7ஈ என்று தொடங்கும். கேர்னலுக்கு வேண்டியது பிசிக்கல் முகவரி. பை சீரோவில் டைமர் இருப்பது பதினறுமத்தில் 20003000. பை 3இல் அந்த 20 என்பது 3எஃப் ஆகும், பை 4இல் எஃப்ஈ. எண்ணியின் கீழ் 32 பிட் தொடக்கத்திலிருந்து 4ஆவது பைட்டில் இருக்கிறது, செக்கனுக்கு 10 லட்சம் தடவை ஏறும். முகவரியைக் கோடில் எழுதிவிடாமல் டிவைஸ் ட்ரீயிலிருந்து (போர்டில் என்னென்ன இருக்கிறது என்று கேர்னலுக்குச் சொல்லும் விவரம்) எடுத்தால் போர்ட் மாறினாலும் தப்பிக்கலாம்.

/டெவ்/மெம்முக்குப் பதிலாக, அந்தப் பக்கத்தை வாசிக்க மட்டும் தரும் ஒரு கேர்னல் டிரைவரை எழுதுங்கள். டிரைவர் சின்னது. மிஸ்க்_ரெஜிஸ்டர் மூலம் ஒரு டிவைஸ் பைல் உருவாக்குங்கள், அனுமதி 0440. அதை வாசிக்கக்கூடிய குழுவை யூடெவ் (டிவைஸ் பைல்களை நிர்வகிக்கும் லினக்ஸ் சேவை) விதியில் கொடுங்கள். பைல் ஆபரேஷன்ஸில் ஓனர் புலத்தை நிரப்ப மறக்க வேண்டாம். மறந்தால், மேப் (பக்கத்தை புரோகிராமின் மெமரிக்குள் காட்டும் இணைப்பு) இருக்கும்போதே மொடியூலைக் கழற்ற முடியும், பிறகு கேர்னல் விழும். புரோகிராம் மேப் கேட்கும்போது ஓடும் எம்மேப் பங்ஷனுக்குள் வரிசை இப்படி:

1. எழுதும் அனுமதி (விஎம்_ரைட்) கேட்டிருந்தால் ஈபெர்ம் (அனுமதி இல்லை என்ற பிழை) என்று திருப்பி அனுப்புங்கள்.
2. விஎம்_மேரைட் கொடியை (பிறகு எழுதும் அனுமதி கேட்கலாம் என்பது) நீக்குங்கள். கேர்னல் 6.3இலிருந்து கொடிகளை நேரடியாக மாற்ற முடியாது, விஎம்_ஃபிளாக்ஸ்_கிளியர் என்பதைத்தான் அழைக்க வேண்டும்.
3. பக்கப் பாதுகாப்பை பிஜிபுரொட்_நான்கேஷ்ட் (கேஷ் இல்லாமல்) ஆக்குங்கள்.
4. விஎம்_ஐஓமேப்_மெமரிக்கு முகவரியையும் நீளத்தையும் கொடுங்கள்.

இரண்டாவது படிதான் அதிகம் தவறவிடப்படுவது. முதல் படி மட்டும் இருந்தால், எழுதத் திறந்த பைலை வாசிக்க மட்டும் மேப் பண்ணிவிட்டு, பிறகு எம்புரொடெக்ட் (மேப்பின் அனுமதியை மாற்றும் சிஸ்டம் கால்) மூலம் எழுதும் அனுமதியை வாங்கிவிடலாம். ரூட்டாக அதைச் செய்து பாருங்கள்: ஈஅக்செஸ் (அனுமதி மறுப்பு என்ற பிழை) வந்தால்தான் பூட்டு சரி.

நான்காவது படியில் ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்சை நேரடியாக அழைப்பவர்கள் இரண்டு இடத்தில் விழுவார்கள். அதற்கு முகவரி அல்ல, 12 பிட் வலப்பக்கம் தள்ளிய பக்க எண் வேண்டும். அதோடு, கேட்ட அளவையும் ஆப்செட்டையும் அது சரிபார்க்காது. நீங்களும் சரிபார்க்காவிட்டால், கேட்கிறவர் அடுத்த பக்கங்களையும் அள்ளிக்கொள்வார். விஎம்_ஐஓமேப்_மெமரி அந்தச் சோதனையைத் தானே செய்கிறது. மூன்றாவது படியை விட்டால் கேஷிலிருந்து பழைய எண் வரும், எண்ணி ஓடாமல் நிற்பதுபோலத் தெரியும்.

யூசர் புரோகிராமில் பைலை வாசிக்க மட்டும் திறந்து, ஒரு பக்கத்தை மேப்_ஷேர்ட் என்று எடுங்கள். பாயின்டர் வொலடைல் 32 பிட் அன்சைன்டாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பைலர் ஒரே வாசிப்போடு நிறுத்தி லூப்பை முடிவில்லாமல் சுற்றவிடும். ரெஜிஸ்டர்களை மெம்காப்பியால் அள்ள வேண்டாம், ஒவ்வொன்றாக 32 பிட் அகலத்தில் வாசியுங்கள். எண்ணி சுமார் 71.6 நிமிடத்துக்கு ஒரு தடவை சுழியத்துக்குத் திரும்பும், ஆனால் அன்சைன்டாகக் கழித்தால் விடை சரியாகவே வரும். 4096 என்று எழுதாமல் பக்க அளவைக் கேட்டு வாங்குங்கள்: பை 5இன் வழக்கமான கேர்னலில் பக்கம் 16384 பைட்.

பின்னின் நிலைக்குப் புது டிரைவர் தேவையில்லை, பின்களின் ரெஜிஸ்டர்களை மட்டும் காட்டும் /டெவ்/ஜிபிஐஓமெம் ஏற்கெனவே இருக்கிறது. நிலை ரெஜிஸ்டர் 52ஆவது பைட்டில். எக்கோ 5 வோல்ட், பை தாங்குவது 3.3. ஆகவே எக்கோவிலிருந்து பின்னுக்கு 1 கிலோஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம் போட்டு வோல்டேஜைப் பிரித்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் புரோகிராம் இடையில் நிறுத்தப்படலாம். 1 மில்லிசெக்கன் தாமதம் சுமார் 17 செ.மீ. பிழை. எனவே ஐந்து தடவை அளந்து நடு எண்ணை எடுங்கள். வெப்பமும் முக்கியம்: 20 பாகையில் ஒரு செ.மீ.க்கு 58.3 மைக்ரோசெக்கன், 30 பாகையில் 57.3. 3 மீற்றர் தூரத்தில் வித்தியாசம் 5 செ.மீ. வரை போகும், வெள்ளக் காலத்தில் அது சின்ன அளவு அல்ல.

இன்டரப்டும் (வன்பொருள் தானே தரும் சமிக்ஞை) வேண்டுமென்றால் சொந்த டிரைவரை வளர்க்காமல் யூஐஓவுக்குப் (யூசர் புரோகிராமிலேயே டிரைவர் எழுத லினக்ஸ் தரும் வசதி) போங்கள். அங்கே 4 பைட் வாசிப்பு இன்டரப்ட் வரும்வரை காத்திருக்கும். டிஎம்ஏ பஃபருக்கு (வன்பொருள் நேரடியாக எழுதி வாசிக்கும் மெமரி) இந்த வழி எதுவும் பொருந்தாது, அதற்கு டிஎம்ஏ_எம்மேப்_கோஹீரன்ட் தனியாக இருக்கிறது.